சகாதேவன் எழுந்திருக்காத படம்

“இன்னும் இறுக்கிக் கட்டுடா,” என்றான் சகாதேவன்.

“இதுக்கு மேல இறுக்கினா நாற்காலியே பேந்துகினு வரும் மாமா,” என்றான் தருமன்.

பொன்னேரி ஜெயசீலா தியேட்டரில், பழைய பாப்கார்ன் மேல் மண்டியிட்டு, அக்கா புருஷனின் வேட்டி நுனியை நாற்காலியின் இரும்புக் காலோடு சேர்த்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான் தருமன். கிழிந்த வலையைத் தைக்கும்போது போடுகிற முடிச்சு. திமிங்கிலமே வந்து இழுத்தாலும் அவிழாது.

“எழுந்திரு, எழுந்திரு. உங்க அக்கா பாத்ரூம்லேருந்து வந்துடுவா. பார்த்தான்னா மானம் போயிடும்.”

“மானம் எங்க போவும் மாமா? அவசரப்பட்டு எழுந்தீன்னா வேட்டிதான் போவும்.”

கோட்டைக்குப்பத்தில் சகாதேவனுக்கு இரண்டு விஷயங்களில் பேர் உண்டு. ஏரியில் காற்று திரும்பப்போவது மற்ற எல்லோருக்கும் முன்னால் அவனுக்குத் தெரிந்துவிடும். மோசமான படத்திலிருந்து மற்ற எல்லோருக்கும் முன்னால் அவன் எழுந்து வெளியே வந்துவிடுவான். பழவேற்காடு பஸ் ஸ்டாண்டில் ஷேர் ஆட்டோக்காரர்கள், படம் எப்படி என்று கேட்பதில்லை; “சகாதேவன் எத்தினி மணிக்கு எழுந்தான்?” என்றுதான் கேட்பார்கள்.

கல்யாணமாகி இருபத்துநாலு வருஷம். மனைவி குணசுந்தரியோடு பார்த்த படங்கள் நாற்பதுக்கு மேல் இருக்கும். அவற்றில் ஒன்றிலாவது வில்லன் செத்தானா, திருந்தினானா என்பது இருவருக்கும் தெரியாது. ஒரு படத்தில் கதாநாயகி தலையில் அடிபட்டு எல்லாவற்றையும் மறந்தபோது எழுந்து வந்தார்கள். அவளுக்கு நினைவு திரும்பியதா என்று இன்றுவரை தகவல் இல்லை.

இத்தனைக்கும் படத்தைத் தேர்ந்தெடுப்பது குணசுந்தரிதான். பாவம், அவள் கைராசி அப்படி. அவன் “போலாமா?” என்றால் ஒரு வார்த்தை பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னால் வந்துவிடுவாள். அப்படி ஒரு பொறுமைசாலி.

போன கார்த்திகையில் சகாதேவன் காலில் கெளுத்தி மீன் முள் ஏறியது. காலென்று சொல்ல முடியாதபடி வீங்கி, நாற்பது நாள் படுக்கை. அந்த நாற்பது நாளும் விடியற்காலையில் மார்க்கெட்டில் இறால் விற்று, பத்து மணிக்கு வந்து கட்டு மாற்றி, கஞ்சி காய்ச்சி, வாய் ஓயாமல் அவனைத் திட்டி, மறுபடி நடக்க வைத்தவள் குணசுந்தரி. டாக்டர்கூட, “காலைக் காப்பாத்துனது நான் இல்ல, உங்க சம்சாரம்” என்று சொல்லிவிட்டார்.

அவளுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று சகாதேவன் அதன்பிறகு பலமுறை முயன்றான்.

“குணா...”

“இன்னா?”

“ஒண்ணுல்ல. தண்ணி குடு.”

இந்த வகையில் இரண்டு மாதத்தில் ஒரு குடம் தண்ணீர் அதிகமாகக் குடித்ததுதான் மிச்சம். கடைசியில், வாயால் சொல்ல வராததை உட்கார்ந்தே சொல்லிவிடுவது என்று முடிவுசெய்தான். ஒரு படம். ஒரே ஒரு படம். அவள் ஆசை தீர முழுசாக, முடிவு வரைக்கும். உயிரே போனாலும் எழுந்திருப்பதில்லை.

ஆனால் தன்னைப் பற்றி அவனுக்குத் தெரியும். ஆகவே முன்னேற்பாடு செய்தான். தனியாகப் போனால்தானே எழத் தோன்றும்? நாலு பேர் முன்னால் எழுந்தால் வெட்கமாக இருக்குமல்லவா? ஏரியில் அன்றைக்கு வலை போடும் முறை பக்கத்துக் குப்பத்துக்காரர்களுடையது. தன் கூட்டாளிகள் எல்லோரும் சும்மாதான் இருந்தார்கள். தருமனையும் சேர்த்துப் பதினோரு பேரைக் குட்டியானை சரக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு வாசலில் வந்து நின்றான்.

மயில்கழுத்துக் கலரில் புதுப்புடவை கட்டி, இரண்டு முழம் மல்லி வைத்துக்கொண்டு வெளியே வந்த குணசுந்தரி, வண்டியைப் பார்த்து அப்படியே நின்றாள்.

“இவங்கள்லாம் எங்க போறாங்க?”

“நம்மகூடத்தான். எல்லாரும் சேர்ந்து பார்த்தா ஜாலியா இருக்கும்ல?”

“ஜாலியா...” என்றாள் குணசுந்தரி. வழியெல்லாம் வேறு எதுவும் பேசவில்லை. சந்தோஷத்தில் வாயடைத்துப்போய்விட்டாள் என்று சகாதேவன் நினைத்துக்கொண்டான்.

படத்தின் பேர் ‘எரிமலைக்கு ஏது லீவு’; எப்போதும்போல குணசுந்தரி தேர்ந்தெடுத்ததுதான். மேட்னி ஷோ. குணசுந்தரி வந்து பக்கத்தில் உட்கார்ந்ததும் விளக்கு அணைந்தது. முதல் பத்து நிமிஷத்தில் கதாநாயகன் பதினாறு பேரை அடித்தான். அடுத்த பத்து நிமிஷத்தில் அவர்களையே திரும்ப மெதுவாக அடித்தான்.

குணசுந்தரி அவன் பக்கம் சாய்ந்தாள். “போலாமா?”

இருபத்துநாலு வருஷத்தில் முதல்முறையாக அவள் கேட்கிறாள்! தனக்காக எப்படி விட்டுக்கொடுக்கிறாள் என்று சகாதேவன் உருகிப்போனான்.

“ஐயே, இப்ப இன்னா அவசரம்? படம் சோக்கா போவுது.”

அவள் இருட்டில் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை.

சற்று நேரத்தில் கதாநாயகன் ஒரு ஏரிக்குப் போய், எதிர்காற்றில் வீச்சுவலை வீசி, ஆள் உயரத்தில், கடல் மீனான வஞ்சிரத்தைப் பிடித்துத் தோளில் போட்டுக்கொண்டு பாடத் தொடங்கினான். பதினோரு பேரும் சேர்ந்து முனகினார்கள்.

“மாமா, ஏரியில வஞ்சிரமா?” என்றான் தருமன்.

“கம்முனு பாரு.”

“கண்ணு வெள்ளையா கீது மாமா. மூணு நாள் ஐஸ்ல வச்ச மீனு அது.”

“உனக்கு இன்னாடா, அத்த வாங்கி கொழம்பா வைக்கப்போற? படத்தப் பாரு!”

சொல்லிவிட்டானே தவிர, அவனுக்கே உடம்பெல்லாம் அரித்தது. இடது கால் தானாக எழுந்து வாசல் பக்கம் திரும்பியது. அதைக் கையால் பிடித்து இழுத்து உட்காரவைத்தான். வலது கால் கிளம்பியது. வேட்டி இழுத்துப் பிடித்தது. தருமன் நல்லா இருக்கணும்.

இடைவேளை விட்டதும் கூட்டாளிகள் பதினோரு பேரும் வாசலை நோக்கிப் பாய்ந்தார்கள். சகாதேவனால் எழுந்து தடுக்க முடியாது. உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினான்.

“டேய், எவனாச்சும் வெளில காலு வச்சீங்க, நாளைக்கு என் படகுல ஏறக்கூடாது!”

போனவர்கள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார்கள்.

“எனக்குப் பசிக்குது,” என்றாள் குணசுந்தரி. “வெளில போயி சூடா ஏதாச்சும் துன்னலாம் வா.”

“நீ எதுக்கு அலையணும்? தருமா, உங்க அக்காவுக்கு ரெண்டு பப்ஸ் வாங்கியா.”

வந்த பப்ஸ் போன வாரத்தில் எப்போதோ சூடாக இருந்திருக்கலாம். குணசுந்தரி அதை நாறின மீனைப் பிடிப்பதுபோல இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, இடைவேளை முடியும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பெருமூச்சு விட்டாள். கதையில் ஒன்றிப்போய்விட்டாள் என்று சகாதேவன் குளிர்ந்துபோனான்.

இரண்டாம் பாதியில் கதாநாயகனின் அப்பா தன் பழைய கதையைச் சொன்னார். அந்தப் பழைய கதைக்குள் அவருடைய அப்பா வந்து இன்னொரு பழைய கதையைச் சொன்னார். அந்த நேரம் பார்த்து, தலைக்கு மேல் ஓடிய காற்றாடியும் நின்றது. வியர்வை கண்ணுக்குள் இறங்கி எரிந்தது. சகாதேவன் தோளில் கிடந்த சிவப்புத் துண்டை எடுத்து, தலைக்கு மேல் தூக்கி, இரண்டு சுற்று விசிறினான்.

அது ஒன்றுதான் அவன் செய்த தப்பு.

ஏரியில் சகாதேவன் படகிலிருந்து துண்டு சுழன்றால், காற்று திரும்பிவிட்டது, வலையை வாரிப் போட்டுக்கொண்டு கரைக்கு ஓடு என்று அர்த்தம். யாரும் ஏன் என்று கேட்பதில்லை. கேட்டுக்கொண்டு நின்றவர்களின் படகு ஒருமுறை கவிழ்ந்திருக்கிறது. கூட்டாளிகள் பதினோரு பேருக்கும் அது மூளைக்குப் போகாமல் நேராகக் காலுக்குப் போகும் சேதி.

“துண்டு சுத்திருச்சுடா!” என்று ஒரு குரல் எழுந்தது.

அடுத்த நொடி பதினோரு பேரும் நாற்காலிகளைத் தாண்டிக் குதித்தார்கள். எங்கே இருக்கிறோம் என்று அவர்களுக்கு வழியிலேயே ஞாபகம் வந்திருக்க வேண்டும். ஆனால் வந்த பிறகு இன்னும் வேகமாகத்தான் ஓடினார்கள்.

முன்வரிசைகளில் இருபது இருபத்தைந்து பொன்னேரிக்காரர்கள் இருந்தார்கள். “இன்னாப்பா இது, கடலோரத்து ஆளுங்களே ஓடறாங்க?” என்றார் ஒருவர். “புயலு கியலு வருதா?” என்றார் இன்னொருவர். பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு அவர்களும் கிளம்பினார்கள்.

“டேய், இருங்கடா! வேர்த்துச்சுடா! வேர்வைடா அது!” என்று கத்தியபடி சகாதேவன் எழுந்தான். முடிச்சு தன் வேலையைச் செய்தது. பொத்தென்று உட்கார்ந்தான். முடிச்சுப் போட்டவனோ, இந்நேரம் ரயில்வே கேட்டைத் தாண்டியிருப்பான்.

இருநூற்றைம்பது நாற்காலிகளில் இரண்டு பேர். திரையில் தாத்தா இன்னும் கதையை முடிக்கவில்லை.

குணசுந்தரியின் முகத்தில் அன்றைக்கு முதல்முறையாகச் சிரிப்பு வந்தது. “அதான் எல்லாரும் போயிட்டாங்களே. வாய்யா, நம்பளும் போலாம்.”

பார்த்தாயா, இப்போதும் எனக்காகத்தான் சொல்கிறாள் என்று சகாதேவன் நெகிழ்ந்தான்.

“இல்ல குணா. நீ குந்து.”

கையில் டார்ச்சோடு தியேட்டர் மேனேஜர் ரஞ்சித்குமார் உள்ளே வந்தான். “அண்ணே, ரெண்டே பேருக்கு ஓட்டுனா கரண்டு காசுகூட தேறாது. டிக்கெட் காசத் திருப்பித் தந்துடறேன். நிறுத்திக்கட்டா?”

“தாராளமா நிறுத்துங்க தம்பி,” என்றாள் குணசுந்தரி சட்டென்று.

“நிறுத்தாத!” என்று சகாதேவன் அலறினான். “தம்பி, உன் காலுல வுழறேன். எழுந்து வந்து வுழ முடியாது, கட்டிப் போட்டுகீது, வுழுந்தேன்னு வச்சிக்க. இருபத்துநாலு வருஷமா இந்தப் பொம்பள ஒரு படத்தோட முடிவ பார்த்ததில்ல தம்பி. எல்லாம் என்னாலதான். இன்னிக்கு ஒரு நாளு பார்க்கட்டும்.”

ரஞ்சித்குமார் புதிதாகக் கல்யாணமானவன். கண்ணைத் துடைத்துக்கொண்டான். “அண்ணே, நீங்க கவலையே படாதீங்க. ரெண்டு பாட்டை வெட்டிட்டுத்தான் ஓட்டினு இருந்தோம். அக்காவுக்காக அதையும் சேர்த்துப் போடச் சொல்றேன்.”

குணசுந்தரி கண்ணை மூடிக்கொண்டாள்.

அவன் போனபிறகு, ஆளில்லாத அந்த இருட்டில், வெட்டியிருந்த முதல் பாட்டின் நடுவே, சகாதேவனுக்குத் திடீரென்று வாய் திறந்துகொண்டது. பார்க்க யாரும் இல்லாததாலோ, ஓட வழியில்லாததாலோ தெரியாது.

“குணா...”

“இன்னா? தண்ணியா?”

“தண்ணி இல்ல. அந்த நாப்பது நாளு... நீ இல்லன்னா எனக்குக் காலு இல்ல. காலு இன்னா, நானே இல்ல. சொல்லணும் சொல்லணும்னுதான் பார்த்தேன், வரல. அதான் ஒரு படமாச்சும் உன்கூட முழுசா குந்திப் பார்க்கலாம்னு வேட்டியக் கட்டிகினு குந்திகீறேன்.”

குணசுந்தரி குனிந்து முடிச்சைப் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு மடியில் இருந்த பப்ஸை எடுத்து, பாதியைப் பிய்த்து அவன் கையில் வைத்துவிட்டு, மீதிப் பாதியைத் தானே கடித்தாள். அதற்குப் பிறகு அவள் ‘போலாமா’ என்று கேட்கவில்லை. வெட்டின இரண்டாவது பாட்டையும் பார்த்தாள். வில்லன் செத்ததைப் பார்த்தாள். அவன் பிழைத்து வந்து மறுபடி செத்ததையும் பார்த்தாள். எழுத்துகள் கீழிருந்து மேலே ஓடி, கடைசி ஆளின் பேர் மறையும்வரை இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

ரஞ்சித்குமார் கத்தரிக்கோல் கொண்டுவந்து விடுதலை கொடுத்தான். வேட்டியில் அரை முழம் ஜெயசீலா தியேட்டரின் சொத்தாயிற்று.

வெளியே வெயில் தாழ்ந்திருந்தது. தியேட்டர் எதிரில் புங்கமரத்தடியில் மேரியின் பஜ்ஜிக் கடை. எழுந்து வரும் படங்கள் அத்தனைக்கும் பிறகு அவர்கள் போய் உட்காருகிற இடம் அதுதான். மேரி அடுப்பை அணைத்து, காலித் தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். மரத்தடி பெஞ்சியைக்கூட எடுத்து உள்ளே போட்டாயிற்று.

“இன்னா மேரி, பஜ்ஜி கிஜ்ஜி மிச்சம் கீதா?” என்றான் சகாதேவன். முழுப் படம் பார்த்தவனுக்கே உரிய நிமிர்வு நடையில் இருந்தது. “இன்னிக்கு உங்க அக்காவுக்கு ஒரு படத்த கடைசி வரைக்கும் காட்டிட்டேன்.”

மேரி கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தாள். குணசுந்தரி அவசரமாகக் கண்ணைக் காட்டினாள். மேரி அதைக் கவனிக்கவில்லை.

“அக்கா, என்மேல கோச்சிக்காதக்கா! எப்பவும்போல காலைக்காட்சி வுட்டு வந்தவங்க மூஞ்சிங்கள நல்லா பார்த்துட்டுதான், ‘இத்தவிட மட்டமான படம் கெடைக்காது, அரமணி நேரத்துல எழுந்துடுவாரு, சாயங்காலம் வரைக்கும் நீங்க ரெண்டு பேரும் இங்க தனியா குந்திப் பேசினு இருக்கலாம்’னு உனக்குப் போன் பண்ணேன். இந்த மனுசன் முழுசா பார்ப்பாருன்னு நான் கண்டனா?”