சுருண்டு கிடந்த சாட்சி

இந்த வசந்தத்தோடு சர்ச்சுக்கு ஒரு முழுக்குப் போட்டுவிடுவது என்று தீர்மானித்தேன். கடவுள்மேல் எனக்குக் கோபமில்லை. எங்கள் ஆற்றில் மீன் கடிக்கத் தொடங்குகிற நேரத்தில்தான் ஆராதனைக்கு டை கட்ட வேண்டியிருக்கிறது, அதுதான் சிக்கல். இதை வெர்னாவிடம் சொல்ல முடியுமா? சர்ச்சில் பிள்ளைகளுக்கு பைபிள் கதை சொல்லித்தரும் ஞாயிறு பள்ளியே என் மனைவி கையில்தான் இருக்கிறது. அதனால் மீனை மறைத்து அறிவியலை நீட்டினேன். பள்ளிக்கூடத்தில் உயிரியல் நடத்தி ஓய்வு பெற்றவனுக்கு அந்த உரிமைகூடவா இல்லை? உலகம் ஆறே நாளில் உண்டானது என்று சொல்கிற இடத்தில் மனசாட்சியுள்ளவன் உட்கார முடியாது என்று காலைச் சாப்பாட்டில் அறிவித்தேன்.

வெர்னா முட்டையைத் திருப்பிப் போட்டாள்.

"அப்ப எத்தன நாளாம்?"

"கோடிக்கணக்கான வருஷம்."

"நீ பார்த்தியா?"

"கல்லு பார்த்திருக்கு."

"சரி, அந்தக் கல்லக் காட்டு. நான் ஒத்துக்கிட்டா இனிமே ஆராதனைக்கு உன்னக் கூப்பிடவே மாட்டேன். ஒத்துக்கலன்னா சாகுற வரைக்கும் எம்பக்கத்துல உட்காரணும். தூங்காம."

கடைசி வார்த்தை கொஞ்சம் அதிகம்தான். ஆனாலும் கென்டக்கியில் எங்கள் பக்கத்து மலையை எங்கே வெட்டினாலும் கடல் சிப்பிதான் கொட்டும். சனிக்கிழமை அவளை வண்டியில் ஏற்றி, சாலைக்காக மலையை வெட்டிய இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். பாறைச் சுவர் முழுக்கச் சிப்பிகள்.

"நோவா காலத்து வெள்ளம்," என்றாள். "நான் புள்ளைங்களுக்குச் சொல்றதத்தானே நீயும் காட்டுற."

சொல்லிவிட்டு வண்டியைப் பார்த்து நடந்தாள். கையைப் பிடித்து இழுத்து வந்து அடுக்கடுக்காகக் காட்டினேன். ஓர் அடுக்கில் புழுக்கள் நிதானமாக வளை தோண்டிக் குடியிருந்த தடம். அதன்மேல் சேறு. அந்தச் சேற்றிலும் மறுபடி வளைகள். இப்படியே தலைக்குமேல் வரை போனது.

"வெள்ளம் அடிச்சுக்கிட்டுப் போறப்ப யாராவது வீடு கட்டுவாங்களா, வெர்னா? அதுவும் மாடிக்கு மேல மாடியா?"

அவள் அண்ணாந்து பார்த்தபடியே நின்றாள். பதிலே வரவில்லை. கல்யாணமான நாளிலிருந்து இப்படி நடந்ததில்லை என்பதால் உடம்புக்கு என்னவோ என்று பயந்துவிட்டேன். பிறகு குனிந்து சரளையிலிருந்து எதையோ எடுத்தாள். ட்ரைலோபைட் என்கிற ஆதிகாலக் கடல் பிராணி. தொட்டால் சுருண்டுகொள்ளும் மரவட்டை மாதிரி சுருண்டு கல்லாகிக் கிடந்தது. அதற்கு வயது நாற்பத்தைந்து கோடி ஆண்டு இருக்கும் என்றேன்.

"எதுக்கோ பயந்து சுருண்டிருக்கு, ஆர்வில். கண்ணுகூட இருக்கு பாரு." விரலால் அதன்மேல் இருந்த மண்ணைத் துடைத்தாள். "பயம் தீர்றதுக்குள்ள சேறு மூடிடுச்சு."

அந்தக் கோடிக் கணக்கை எத்தனையோ வகுப்பில் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அவள் உள்ளங்கையில் பார்த்த அன்றைக்குத்தான் அது எவ்வளவு காலம் என்று உறைத்தது. தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றேன். சத்தியமாக, மீன் ஞாபகமே இல்லை.

"நீ ஜெயிச்சுட்ட," என்றாள் வெர்னா.

திரும்பி வரும்போது சீட்டியடித்தேன். பாதி வழியில் அவள் பேசினாள்.

"ஆராதனைக்கு உன்னக் கூப்பிட மாட்டேன். சொன்னா சொன்னதுதான். ஆனா இத என் புள்ளைங்க பார்க்கணும். எனக்கு விளக்கத் தெரியாது."

"நான் சொல்றேன்," என்றேன் நெஞ்சு விம்ம. "ஒரு வாரத்துல முடியுற விஷயமா? வாராவாரம் வர்றேன். ஆனா பாஸ்டர் விடணுமே?"

"கடவுளோட ஒரு நாள் எவ்வளவு நீளம்னு நமக்கென்ன தெரியும், தாராளமா வரட்டும்னாரு."

"எப்பக் கேட்ட?"

"போன மாசமே. உன் பெட்டியில புதுத் தூண்டில் முள்ளப் பார்த்த அன்னிக்கு."

ஆராதனை பதினொரு மணிக்கு. ஞாயிறு பள்ளி ஒன்பதுக்கே ஆரம்பித்துவிடும்; இனி மீன் கடிக்கத் தொடங்கும் முன்பே டை கட்டியாக வேண்டும்.