நல்ல தண்ணீருள்ள வீடு விற்பனைக்கு

உலக நாகரிகங்கள் ஆற்றங்கரைகளில் தோன்றின. அவை வீட்டுமனைகளாக முதிர்ச்சி அடைந்தது எங்கள் ஆழித்துறையில்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து கிழக்கே வந்தால், சாலை முடியும் இடத்தில் கடல் தொடங்குகிறது. கடல் தொடங்கும் இடத்தில் எங்கள் விளம்பரப் பலகை நிற்கிறது. 'நெய்தல் நிழல் ஹோம்ஸ். ஆழித்துறை, விருந்தோம்பலின் தலைநகர்.' நெய்தலைக் காணோம். நிழலையும் காணோம். ஹோம்ஸ் உண்டு.

நான் அந்த நிறுவனத்தின் துணைத் தலைவர். தலைவர் நெடுஞ்செழியன். எனக்கு மேலே அவர் மட்டும். எனக்குக் கீழே யாரும் இல்லை.

கோடையில் தஞ்சாவூர் வேகும். வசதியுள்ளவர்கள் கடலை நினைப்பார்கள். கடலை நினைப்பவர்களுக்கு நாங்கள் வீட்டை நினைவூட்டுவோம். மே மாதத்தில் பத்து நாள் இருந்து போக ஒரு வீடு. மீதி நாட்களில் அது பூட்டிக் கிடந்து மதிப்பு உயரும். மனிதர்கள் குடியிருந்தால் வீடு தேயும் என்பது எங்கள் 'ஆய்வு முடிவு'.

டெல்டாக்காரர்களிடம் ஒரு பலவீனம் உண்டு. கூடம், மாடி, வாஸ்து எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுக் கடைசியில் கேட்பார்கள்: "தண்ணி எப்படி?" நெல் விளைத்த பரம்பரை. வேறெப்படிக் கேட்கும்? ஆழித்துறையிலோ எங்கே போர் போட்டாலும் உப்பு.

இந்த நெருக்கடியில்தான் 'சந்தை ஊக்குநர்கள்' என்ற பதவி பிறந்தது.

பரிதி படகு எஞ்சின் பழுது பார்ப்பவர். அவர் மனைவி சுடர்விழி ஊர்ப் பெண்களுக்குத் துணி தைத்துக் கொடுப்பவர். ஆழித்துறையிலேயே வாடகை வீட்டில் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நல்ல உடை உடுத்தி, வீடு வாங்க வந்த சிங்கப்பூர்த் தம்பதியாக மாறுவார்கள். வாடிக்கையாளர் தயங்கும் நேரம் பார்த்து உள்ளே நுழைவார்கள். "அட்வான்ஸ் இன்னிக்கே குடுத்துரலாமா?" என்பார் பரிதி. சுடர்விழி குழாயைத் திறந்து ஒரு டம்ளர் பிடித்து, முழுவதும் குடிப்பார். முகம் சுளிக்காது. "எளநி கெட்டுது போங்க" என்பார்.

வாடிக்கையாளர் தானே குடித்துப் பார்க்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். கண்ணெதிரே ஒருவர் வீட்டைத் தட்டிக்கொண்டு போகும்போது யாருக்கும் தாகம் எடுப்பதில்லை.

சுடர்விழியின் அந்தச் சுளிக்காத முகம் பெரிய நடிகைகளுக்கும் வராது. அதற்கு வருடக்கணக்கில் அந்தத் தண்ணீரையே குடித்திருக்க வேண்டும். என்னையும் குறைத்து மதிப்பிட வேண்டாம். ஆழித்துறைத் தண்ணீரின் சுவை பற்றி நான் பேசாத கூட்டம் இல்லை. தினமும் தஞ்சாவூரிலிருந்து பஸ்ஸில் வருகிறேன். பையில் இரண்டு பாட்டில் தண்ணீரோடு.

இவர்களின் சேவையால் ஊரில் விலை ஏறியது. ஏறியதைப் பார்த்து, இவர்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரரே எங்களை அழைத்தார். வீட்டை விற்க வேண்டும், குடியிருப்பவர்களைக் காலி செய்ய வேண்டும் என்றார்.

நிறுவனத்தின் அவசரக் கூட்டம் கூடியது. இருவரும் கலந்துகொண்டோம்.

"சார், அது பரிதி இருக்கிற வீடு."

"நல்லதாப் போச்சு. எந்த ரூம்ல காத்து வரும்னு அவங்களுக்கே தெரியும். நடிப்பு இயல்பா வரும்."

"வித்துட்டா அவங்க எங்க சார் போவாங்க? ஊர்ல வாடகைக்கு ஒரு வீடு இல்ல. எல்லாத்தையும் நாமதான் வித்துப் பூட்டிட்டோம்."

"பாத்தீங்களா நம்ம வளர்ச்சிய!" என்றார் நெடுஞ்செழியன். அவர் கண் கலங்கியது.

ஊக்குநர்களின் மன அமைதி கருதி, அவர்களிடம் எதையும் சொல்வதில்லை என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம்.

அந்த ஞாயிறு வந்தவர் ஜாஃபர் சாதிக். கூத்தாநல்லூர்க்காரர். புருனேயில் கடை வைத்திருந்து திரும்பியவர். அவர் காரில் அவரும் நானும் முன்னால் போனோம். ஊக்குநர்கள் வழக்கம்போல், வீடு பார்க்க வந்த இன்னொரு தம்பதியாக, ஆட்டோவில் பின்னால் வந்தார்கள். ஆட்டோ நின்றது. பரிதி இறங்கவில்லை. சுடர்விழி இறங்கி, என் அருகில் வந்து மெல்லக் கேட்டார்.

"என்ன சார், எங்க வீட்டு வாசல்ல நிக்கிறீங்க?"

"நடிக்கிறவங்களுக்கு எல்லா மேடையும் ஒண்ணுதாம்மா."

"இது வித்துப்போனா நாங்க எங்க சார் போறது?"

"அதெல்லாம் மேலிடத்துல பேசிக்கலாம்."

சொந்தக்காரர் கொடுத்த சாவி பூட்டில் நுழையவில்லை. பழைய பூட்டு உப்புக்காற்றில் துருப்பிடித்துப்போய், பரிதி வேறு போட்டிருந்தார். நான் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஜாஃபர் சாதிக் கடிகாரத்தைப் பார்த்தார். சுடர்விழி கைப்பையிலிருந்து சாவியை எடுத்துக் கதவைத் திறந்தார்.

"வீடு பாக்க வந்தவங்ககிட்ட சாவி எப்படி?" என்றார் ஜாஃபர் சாதிக்.

"ரொம்பப் புடிச்சுப்போச்சுங்க" என்றார் பின்னால் வந்த பரிதி.

சுவரில் ஒரு கல்யாணப் படம். ஜாஃபர் சாதிக் படத்தைப் பார்த்தார். பரிதியைப் பார்த்தார்.

"இது நீங்கதான?"

"இல்லண்ணே, சித்தப்பா மவன். சாயல் அப்படி."

"பக்கத்துல நிக்கிறது?"

பரிதி மனைவியைப் பார்த்தார். "அவன் சம்சாரம். அதுக்கும் சாயல்."

ஜாஃபர் சாதிக் சிரிப்பை மென்று விழுங்கினார். "இருக்கட்டும். தண்ணி எப்படி?"

எங்கள் தொழிலின் புனிதமான கணம் அது. சுடர்விழி அடுப்படிக்குள் போனார். டம்ளர் எங்கே என்று தேடவில்லை. குழாயில் பிடித்தார். கையில் வைத்துக்கொண்டு ஒருமுறை சுற்றிப் பார்த்தார். தையல் மெஷின், கொடியில் காயும் துணி, வாசலை அடைத்துக்கொண்டு நின்ற பரிதி. பிறகு டம்ளரை என்னிடம் நீட்டினார்.

"சார் குடிச்சுக் காட்டட்டும். ரெண்டு வருசமா எளநி எளநின்னு சொல்லிக்கிட்டிருக்கவரு அவருதான்."

"எனக்குத் தாகம் இல்லையேம்மா."

"பாதி போதும் சார்" என்றார் பரிதி.

"குடிங்க தம்பி, வெக்கப்படாதீங்க" என்றார் ஜாஃபர் சாதிக்.

நிறுவனத்தின் மானம் என் கையில் இருந்தது. வாயில் ஊற்றினேன். விழுங்கினேன் என்று எழுத ஆசைதான். என் வெள்ளைச் சட்டை அதற்கு ஒத்துக்கொள்ளாது.

ஜாஃபர் சாதிக் தன் கைக்குட்டையைக் கொடுத்தார். பிறகு சுடர்விழியைக் கேட்டார்.

"அப்ப இந்தத் தண்ணிய யாருதாம்மா குடிக்கிறது?"

"இங்க குடியிருக்கிறவங்கண்ணே. வாங்குறவங்க கேன்ல கொண்டாந்துருவாங்க."

அவர் வீட்டை வாங்கவில்லை. அங்கேயே மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டுப் போனதாகக் கேள்வி.

சுடர்விழியைப் பதவியிலிருந்து நீக்கினோம். வாடிக்கையாளர் முன்னிலையில் ஊழியர்கள் தண்ணீர் குடிக்கத் தடை விதித்தோம். பயனில்லை. அந்த வீட்டுக்கு யாரை அழைத்துப் போனாலும், "வாங்க வாங்க, வெயில்ல வந்திருக்கீங்க" என்று கதவைத் திறந்து ஆளுக்கொரு டம்ளர் நீட்டுகிறார். விருந்தோம்பல் என்று பலகையில் எழுதியதே நாங்கள்தான். தடுக்க வழியில்லை. வீடு விற்கவில்லை. அவர்கள் அங்கேயே இருக்கிறார்கள். வீடும் தேய்ந்தபாடில்லை.

தவறு எங்கே என்று தலைவர் அறிக்கை கேட்டார். நடுநிலையோடு ஆராய்ந்தேன். விலையில் தவறில்லை. விளம்பரத்தில் தவறில்லை. என்னிடமும் இல்லை. தஞ்சாவூர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்துவிட்டு எழுதினேன்:

"இத்தனை பெரிய தொழில் ஒரு டம்ளரில் கவிழ்கிறது என்றால், குற்றம் தண்ணீருடையது."