வியாழக்கிழமை ரெண்டு மணிக்கு உல்ட்ராலூட்

அனுப்பிய செய்தியை அழிக்கலாம் என்பது நீக்கிலாசுக்குத் தெரியும். எதை அழுத்தினால் அழியும் என்பதில்தான் தெளிவில்லை. கைபேசி இரண்டு வழி காட்டியது: எல்லாருக்கும் அழி, உனக்கு மட்டும் அழி. மற்றவர்களின் பொருளில் கை வைத்துப் பழக்கமில்லாத மனிதர், தனக்கு மட்டும் அழித்துக்கொண்டார். செய்தி கண்ணுக்கு முன்னால் மறைந்தது.

"மாதாவே, தப்பினன்" என்று மூச்சு விட்டார்.

டென்மார்க்கின் பிராண்டே ஊர்ப் புனித அந்தோனியார் செபக் குழுவிலிருந்த மற்ற எல்லாருடைய கைபேசியிலும் அது அப்படியே இருந்தது.

"வியாழக்கிழமை ரெண்டு மணிக்கு உல்ட்ராலூட். வீட்டில இன்னும் சொல்லேல்லை. ஒருத்தருக்கும் மூச்சு விடாதை."

யார் வீட்டில், யார் சொல்லவில்லை என்று அதில் இல்லை. தமிழில் அப்படி எழுதலாம், ஒருவரும் குறை சொல்ல மாட்டார்கள்.

செய்தி போக வேண்டியது அந்தோனிதாசனுக்கு. அவனும் நீக்கிலாசும் ஒரே பட்டறையில் வேலை. கைபேசியில் தன் முகத்துக்குப் பதிலாக அந்தோனியாரின் படத்தைப் போட்டிருந்தான். செபக் குழுவும் அதே படத்தைத்தான் போட்டிருந்தது. அவசரத்தில் எந்த அந்தோனியாரை அழுத்துகிறோம் என்று யார் பார்ப்பது?

அது கியர்பொக்ஸ் திருத்தும் பட்டறை. அங்கே உல்ட்ராலூட் என்றால் மூலையில் நிற்கும் தொட்டி. கழற்றிய பற்சில்லுகளைக் கூடையில் அடுக்கி, சுடுதண்ணீரும் மருந்தும் கலந்த அந்தத் தொட்டிக்குள் இறக்கிச் சுவிட்சைப் போட்டால், காதுக்குக் கேளாத ஒலி தண்ணீரை உலுக்கும். தூரிகை நுழையாத இடுக்கில் இருக்கும் கரியெல்லாம் கறுப்புப் புகை மாதிரிக் கிளம்பி வரும். ஒரு பொக்ஸைத் திருப்பிப் பூட்டுமுன் அதன் உறுப்பெல்லாம் அதில் குளித்தெழும்ப வேண்டும். பட்டறை வாசலைத் தாண்டிவிட்டால், டென்மார்க் முழுவதும், உல்ட்ராலூட் என்றால் வயிற்றுப் பிள்ளையைப் பார்க்கும் ஸ்கான்.

குளிக்க வேண்டியிருந்தது மனைவி அருமைநாயகியின் காருடைய கியர்பொக்ஸ். நீக்கிலாஸ்தான் அதற்கு ஒயில் மாற்றினார். பழையதை இறக்கினார். புதியதை விடப்போன நேரம் உள்ளேயிருந்து தேத்தண்ணிக்குக் கூப்பிட்டார்கள். குடித்துவிட்டு வந்து மூடியை நன்றாக இறுக்கினார். ஒயில் போத்தல் உடைக்காமல் இன்னும் தட்டில் நிற்கிறது. முதியோர் இல்லத்துக்கு வேலைக்குப் போன அருமையை, பாதி வழியில் பொக்ஸ் அலறி இறக்கிவிட்டது.

"நான்தான் கியரைப் பிழையாப் போட்டு உடைச்சுப்போட்டன். இனி நான் கார் ஓடேல்லை" என்று அருமை அழுதாள்.

அந்த இடத்தில் நீக்கிலாஸ் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தார்தான். "பறவாயில்லை அருமை, பழகிற ஆக்களுக்கு அப்பிடித்தான்" என்றார். அருமை இருபது வருசமாகக் கார் ஓடுகிறவள். அன்றிலிருந்து காற்றிலும் மழையிலும் சைக்கிளில் போய் வந்தாள். யன்னலால் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு நெஞ்சு சுட்டது.

ஆனால் பேர் என்று ஒன்று இருக்கிறதே. பிராண்டேத் தமிழாக்களின் கார்களில் பாதி அவர் கை பட்டவை. ஒயில் பார்க்க மறந்த அழகரத்தினத்தைக் கோயில் மண்டபத்தில் எல்லார் முன்னாலும் பிடித்து, "கியர்பொக்ஸுக்கு ஒயில் விடாதவன் பெத்த பிள்ளைக்குப் பால் குடுக்காதவன்" என்று பேசியவர் அவர். இப்போது என்ன முகத்தோடு சொல்வது? சத்தமில்லாமல் கழுவிப் பூட்டிவிடலாம் என்று முடிவெடுத்தார். தொட்டி வியாழக்கிழமை இரண்டு மணிக்குப் பிறகு சும்மா இருக்கும். அந்தோனிதாசனை மாதா படத்தின் முன் நிறுத்திச் சத்தியமும் வாங்கியாயிற்று.

அன்று பின்னேரம் அந்தோனிதாசனின் மனைவி மேரிசெலின் போன் எடுத்தாள். தனக்கென்று பிள்ளை இல்லாவிட்டாலும், பங்கிலுள்ள பாதிப் பிள்ளைகளுக்கு ஞானத்தாய் அவள்தான்.

"அண்ணை" என்றாள், குரலை இறக்கி. "அந்த மெசேஜ்... ஆற்றை விசயம்?"

"எந்த மெசேஜ்? அழிச்சிட்டனே!"

"அழியேல்லை. எல்லாரும் பாத்திட்டினம். ஸ்ரெபானிக்கோ எண்டு கேக்கினம்."

ஸ்ரெபானி மகள். ஒடென்சேயில் படிக்கிறாள். கலியாணம் ஆகவில்லை.

"ஐயோ, ஸ்ரெபானியின்ரை இல்லை!"

"அப்ப ஆற்றை?"

"அருமையின்ரை" என்றார் நீக்கிலாஸ். கார் அருமையுடையதுதானே.

மறுமுனையில் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"அண்ணை, உங்கடை மனசு ஒருத்தருக்கும் வராது" என்று போனை வைத்தாள் மேரிசெலின்.

வைத்த பிறகுதான் சொன்னது என்ன என்று அவருக்கு உறைத்தது. அருமைக்கு வயது ஐம்பத்தொன்று. செபக் குழுவில் அவள் இல்லாதது ஒன்றுதான் ஆறுதல். திருத்துவதென்றால் கியர்பொக்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆகவே திருத்தவில்லை.

அடுத்த நாள் மேரிசெலின் ஒரு போத்தல் மாங்காய் ஊறுகாயோடு வந்தாள். அருமை வேலையால் வரும்வரை காத்திருந்து, பாதிப் போத்தலைத் தானே முடித்தாள். போகும்போது நீக்கிலாசை, கோயிலில் புனிதர் சுருவத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த அருமை, கோட்டைக் கழற்றாமலே கேட்டாள்.

"இஞ்சாருங்கோ, சனம் ஏன் என்ரை வயித்தைப் பாக்குது? தங்கராணி அக்கா வந்து, இந்த நிலமையிலை சைக்கிள் ஓடாதை எண்டுறா."

"குளிர்தானே."

"அழகரத்தினம் அண்ணை உங்களுக்கு ரெண்டு கையாலும் கை குடுத்தார். அது என்னத்துக்கு?"

"பூசையிலை சமாதானம் சொல்லேக்கை குடுக்கிறதுதானே."

"அது வெளியிலை, கார் நிப்பாட்டிற இடத்திலை."

"உள்ளுக்கை குடுக்க விட்டுப்போயிருக்கும்" என்றார் நீக்கிலாஸ்.

செவ்வாய்க்கிழமை பொறுக்க முடியாமல், ஒரு பற்சில்லை மட்டும் சாப்பாட்டு நேரத்தில் தொட்டிக்குள் போட்டுப் பார்த்தார். கரியெல்லாம் கழன்று, பளபளவென்று வந்தது. பல்லோரமெல்லாம் நீலம் பாரித்திருந்தது. ஒயில் இல்லாமல் ஓடிய இரும்புக்கு மட்டும் வரும் நீலம் அது. அழுக்கு இருந்தவரை பிழை யாருடையது என்று தெரியாது. இப்போது கண்ணுள்ளவன் எவனுக்கும் தெரியும்.

முதலாளி பிரேபனுக்கும் கண் இருந்தது. "ஒயில் விடாத இடியோட் யார்?" என்று டெனிஷில் கேட்டார். அந்தச் சொல்லுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

"ஒரு கஸ்டமர்" என்றார் நீக்கிலாஸ். அந்தோனிதாசனுக்கு இருமல் வந்தது. நீக்கிலாஸ் பற்சில்லைப் பொக்கெற்றுக்குள் போட்டுக்கொண்டார்.

அது ஒக்டோபர், செபமாலை மாதம். வீடு வீடாகச் செபம் நடக்கும். புதன்கிழமை நீக்கிலாஸ் வீட்டு முறை. எல்லாரும் வந்து முழந்தாளிட்டார்கள். செபக் குழுவை நடத்தும் தங்கராணி, யாருக்காகச் செபிப்பது என்ற கருத்தை அறிவித்தாள்.

"இண்டைக்கு விசேசமா, எங்கடை அருமைக்காகவும் அவவின்ரை வயித்திலை இருக்கிற பிள்ளைக்காகவும் ஒப்புக்குடுப்பம்."

"ஆற்றை வயித்திலை?" என்றாள் அருமை.

 அருமை எல்லாரையும் பார்த்துவிட்டுக் கடைசியாகப் புருசனைப் பார்த்தாள். 

"காரை உடைச்சவள் எண்ட பேர் ஏற்கெனவே இருக்கு. இப்ப இதுவுமோ?"

நீக்கிலாசுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. எழும்பினார். பொக்கெற்றிலிருந்த பற்சில்லை எடுத்து மாதா சுருவத்தின் முன், மெழுகுதிரிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"பிள்ளையும் இல்லை, குட்டியும் இல்லை" என்றார். "அது அருமையின்ரை காரின்ரை கியர்பொக்ஸ். பட்டறைத் தொட்டியிலை கழுவத்தான் வியாழக்கிழமை ரெண்டு மணி எண்டனான். உடைச்சது அவள் இல்லை, நான். நான் ஒயில் விட மறந்தனான். மறந்ததையும் மறைச்சு, அவளிலை பழியைப் போட்டனான்."

அழகரத்தினம் செபமாலையை மடியில் வைத்துவிட்டு வசதியாக நிமிர்ந்து உட்கார்ந்தார். அருமையின் முகத்தில் கோபம் வருவதற்கு முன் பெரிய நிம்மதி ஒன்று வந்து போனது. சத்தியம் நீங்கிய அந்தோனிதாசன், "ஓம், உண்மைதான்" என்று சொல்ல வாயெடுத்தான்.

அதற்குள் மேரிசெலின் எழும்பிவிட்டாள். கண்ணீர் தாரை தாரையாக ஓடியது.

"காணும் அண்ணை! என்னைக் காப்பாத்த உங்கடை மனிசியின்ரை பேரைக் குடுத்தியள், இப்ப உங்கடை பேரையுமோ? வியாழக்கிழமை ரெண்டு மணி உல்ட்ராலூட் எனக்குத்தான். உங்களுக்கு ஆர் சொன்னதெண்டு தெரியாது, என்ரை இந்த மனுசனுக்கே நான் இன்னும் சொல்லேல்லை!"