நாய்க் கொட்டாய்க்கு உள்தாழ்ப்பாள்

எண்பத்தொன்றாம் வருஷம் புரட்டாசி மாதம், ராஜகோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு நான் ஒரு சபதம் எடுத்தேன். இந்த வருஷக் கார்த்திகை தீபத்தை என் வீட்டு மொட்டை மாடியில், என் சாய்வு நாற்காலியில், நான் ஒருத்தனே உட்கார்ந்து பார்ப்பேன்.

இது ஒரு சபதமா என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். மற்ற ஊர்களில் ரத்தத்தால் சொந்தம் வரும். திருவண்ணாமலையில் மொட்டை மாடியால் வரும். மலை தெரிகிற மாடி ஒன்று உங்களிடம் இருந்தால் போதும், கொடியேறுகிற அன்று வாசலில் வந்து நிற்பார்கள். பத்து நாளும் தங்குவார்கள். தீபம் பார்த்து, பொரி உருண்டை தின்று, ஏப்பம் விட்டு, 'உங்க ஊர்ல கொசு ஜாஸ்தி' என்று குறை சொல்லிவிட்டுப் போவார்கள்.

என் மாடிக்கு வந்த சொந்தம், என் மனைவி வேதாவின் அண்ணன் சக்கரபாணி. கீழ்பென்னாத்தூரில் கடலை போடுகிற குடும்பம். பிள்ளை குட்டியோடு பத்தொன்பது உருப்படி. பதினாறு வருஷமாக நான் தீபம் பார்த்தேன் என்று சொல்வது பொய். மச்சானின் முதுகைப் பார்த்தேன். அது சின்ன முதுகில்லை. அதற்கே ஒரு கிரிவலம் வரலாம். என் சாய்வு நாற்காலியில் அவர், அவர் மடியில் ஒரு பேரன், தோளில் ஒரு பேரன். நான் பின்னால் தண்ணீர்த் தொட்டி விளிம்பில் ஏறி எட்டிப் பார்ப்பேன். எண்பதாம் வருஷம் தொட்டிக்குள் விழுந்தேன். எல்லாரும் 'அரோகரா' என்று கத்தியதில் நான் 'ஐயோ' என்று கத்தியது யாருக்கும் கேட்கவில்லை.

வராதீர்கள் என்று சொல்லிவிடலாமே என்பீர்கள். சொல்லலாம். அப்புறம் வேதாவோடு யார் குடித்தனம் நடத்துவது?

ஆகவே தந்திரம் வேண்டும். மச்சானுக்கு ஒரே ஒரு பலவீனம். பாம்பை வாலைப் பிடித்துச் சுழற்றுவார். மிரண்ட மாட்டை ஒற்றைக் கையால் நிறுத்துவார். ஆனால் நாய் என்று ஏட்டில் எழுதியிருந்தாலும் அந்தப் பக்கத்தைத் திருப்பமாட்டார். சின்ன வயதில் கடிபட்டு, தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி போட்டுக்கொண்ட மனுஷன்.

எனக்கும் நாய் என்றால் பயம்தான். ஆனால் என் பயம் கம்மி.

"வேதா, நாம ஜாதி நாய் வளக்கப் போறோம்" என்றேன். "அல்சேஷன். குட்டிங்களுக்கு ஜனங்க க்யூ கட்டி நிக்கும்."

வேதா முறத்திலிருந்து தலையைத் தூக்கினாள். "பூனை குறுக்க வந்தாலே சந்துக்குள்ள ஒதுங்கற ஆளு நீங்க. நாய் வளக்கப் போறீங்களா?"

"ஆம்பளைன்னா ஒரு தொழில் முயற்சி வேணாமா? அச்சகத்த மட்டும் நம்பிக்கினு எத்தினி நாளைக்கு?"

"எங்க வெச்சி வளப்பீங்க?"

"மாடியில. கொட்டாய் போட்டு."

அவள் கொஞ்ச நேரம் அரிசியைப் புடைத்தாள். பிறகு, "நல்ல யோசனைங்க" என்றாள்.

கல்யாணமான பதினாறு வருஷத்தில் என் யோசனை எதையும் அவள் நல்லது என்றதில்லை. அந்த நிமிஷமே நான் உஷாராகியிருக்க வேண்டும். நானோ பூரித்துப்போய் மறுநாள் காலை வேலூர் பஸ் ஏறினேன்.

வேலூரில் ஒரு ரிட்டயர்டு சுபேதார் வைத்திருந்தார். பெயர் ஜான்சி. கன்றுக்குட்டி உயரம், ஒரு மாதச் சினை. அதன் பரம்பரையை ஏழு தலைமுறைக்குக் கடகடவென்று ஒப்பித்தார் சுபேதார். என் பரம்பரையில் எனக்கு மூன்றாவது தலைமுறையே தகராறு. "ஒரே ஆள் கையாலதான் சாப்பாடு போடணும். அப்பதான் சொன்ன பேச்சு கேக்கும்" என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். திரும்பி வரும்போது கண்டக்டர் டிக்கெட் கொடுக்கவே என் பக்கம் வரவில்லை. போளூர் வரைக்கும் அறுபது பேரும் டிரைவர் மடியில் உட்கார்ந்து வந்தார்கள். ஜான்சிக்கும் எனக்கும் மீதி பஸ்.

கொட்டாய் போட சடையனைக் கூப்பிட்டேன். ஓலை வேய்வதில் எங்கள் ஊரில் கெட்டிக்காரன். நான் அளவு சொல்ல வாயைத் திறப்பதற்குள் வேதா குறுக்கே வந்தாள்.

"ஆறரை அடி உசரம் வெச்சிடு சடையா."

சடையன் என்னைப் பார்த்தான். "இன்னாங்க, நாய் நின்னுக்கினா தூங்கும்?"

"குட்டிங்க குதிக்காதா? தல இடிக்காதா?" என்றாள் வேதா. "நீளம் இருபது அடி. அல்சேஷன்னா ஓட எடம் வேணும். இல்லீங்களா?"

"ஆமாம்" என்றேன். ஜாதி நாய்க்காரன் விஷயம் தெரியாதவனாகக் காட்டிக்கொள்ள முடியுமா?

"மலைப் பக்கம் பாத்து ஒரு பெரிய ஜன்னல்."

"நாய்க்கு எதுக்கம்மா ஜன்னலு?"

"சினையா கீற ஜீவன். நாலு நல்லத பாத்தாதான் குட்டி அழகா பொறக்கும். அப்புறம் அந்த மூலையில தகரம் வெச்சி ஒரு குளிக்கற மறப்பு."

இந்த இடத்தில் நானே கேட்டுவிட்டேன். "நாய் குளிக்க மறப்பு எதுக்குடி?"

"பொம்பளப் புள்ளைங்க அது!" என்று என்னை ஒரு பார்வை பார்த்தாள். சடையன் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். நானும் குனிந்துகொண்டேன்.

அதோடு விட்டாளா? மழை வந்தால் ஈரம் ஏறாமல் இருக்கத் தரைக்குச் சிமெண்டுப் பூச்சு. இருட்டில் குட்டி மிதிபடாமல் இருக்க ஒரு குண்டு பல்பு. சுவரோரம் வரிசையாகப் பத்தொன்பது ஆணி.

"பத்தொம்பது குட்டியா போடும்?"

"சங்கிலி மாட்ட வேணாமா? ரெண்டு ஜாஸ்தியாவே இருக்கட்டும்."

கடைசியாகக் கதவு. அதற்குத் தாழ்ப்பாள் உள்பக்கம் வைக்கச் சொன்னாள். நாய்க் கொட்டாய்க்கு உள்பக்கம் தாழ்ப்பாள்! அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். நானோ 'ஜான்சி கென்னல்' என்று என் அச்சகத்தில் நோட்டீஸ் அடித்துக்கொண்டிருந்தேன். கல்யாணப் பத்திரிகை பிளாக்தான் இருந்தது. ஆகவே இரண்டு பக்கமும் யானை மாலையோடு நிற்க, நடுவே 'நிகழும் ஐப்பசி மாதம் உயர்ஜாதிக் குட்டிகள்' என்று வந்தது. படித்தவர்கள் மொய்க் கவர் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள்.

கொட்டாய் முடிந்த அன்று ஜான்சியை மாடிக்குக் கூட்டிப் போகலாம் என்று பார்த்தால், அது என் கட்டிலுக்கு அடியில் போய்ப் பள்ளம் பறித்து உட்கார்ந்துவிட்டது. இழுத்தேன். உறுமியது. விட்டுவிட்டேன். விடிவதற்குள் எட்டுக் குட்டி. எலிக்குஞ்சு மாதிரி, கண் ஒட்டிக்கொண்டு, மூக்கால் துழாவிக்கொண்டு.

"தாய் எடம் பாத்துப் போட்டது. இப்ப மாத்துனா குட்டிய தின்னுடும்" என்றாள் வேதா. "கண்ணு தெறக்கட்டுங்க, மேல கொண்டு போலாம்."

பன்னிரண்டாம் நாள் கண் திறந்தன.

"நடை பழகட்டுங்க."

நடை பழகின.

"இப்பவா? மாடியில கைப்புடி செவுரு முழங்கால் ஒசரம். ஏழு தலைமுறை ஜாதிக் குட்டி உருண்டு தெருவுல வுழுந்தா சுபேதாருக்கு யாரு பதில் சொல்றது?"

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. போகட்டும். நாய் மாடியில் இருந்தால் என்ன, கீழே இருந்தால் என்ன? வீட்டில் இருந்தால் மச்சான் படியேற மாட்டார். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஆனால் அந்த ஐந்து வாரம் நான் பட்ட பாடு, எட்டுப் பெற்றவளும் பட்டிருக்க மாட்டாள். பெற்ற ஜான்சியே பாதி நேரம் காலை நீட்டித் தூங்கியது. எட்டில் ஒன்று சவலை. மற்ற ஏழும் அதைத் தள்ளிவிட்டுப் பால் குடிக்கும். நான் அதைத் தூக்கி நல்ல காம்பில் வைத்துக் காவல் காக்க வேண்டும். பிறகு விரலில் கேழ்வரகுக் கூழ் தொட்டு நக்கக் கொடுக்க வேண்டும். நாலாம் வாரம் பல் முளைத்தது. ஊசி! செருப்பைத் தின்றன. தலையணையைத் தின்றன. அச்சகத்திலிருந்து எடுத்து வந்த ஒரு கல்யாணப் பத்திரிகைப் புரூப்பில் மாப்பிள்ளையை மட்டும் சரியாகத் தின்றன. அவன் ஜாதகம் அப்படி.

"நீயும் கொஞ்சம் பாத்துக்கயேன்" என்று வேதாவிடம் கெஞ்சினேன்.

"ஒரே ஆள் கையாலதான் சாப்பாடுன்னு சுபேதார் சொல்லியிருக்காருங்களே. நான் கெடுக்கலாமா?" என்றாள். அவள் ஒரு பருக்கை கூடப் போடவில்லை. ஜான்சிக்கு உலகத்தில் நான் ஒருத்தன்தான். நான் கொல்லைக்குப் போனால் கூடக் கதவருகில் நின்று ஊளையிடும்.

கொடியேற்றம் வந்தது. கீழ்பென்னாத்தூர் டிராக்டரும் வந்தது. ட்ரெய்லர் நிறையப் பாய், அண்டா, பிள்ளைகள். நடுவே மச்சான்.

உள்ளே ஜான்சி ஒரு குரல் கொடுத்தது. மலைமேல் இருந்த குரங்கெல்லாம் அந்தப் பக்கம் அடி அண்ணாமலைக்கு இறங்கிவிட்டன என்று பிறகு கேள்விப்பட்டேன். டிராக்டரிலிருந்து ஒரு காலைக் கீழே வைத்த மச்சான், வைத்த காலைத் திரும்ப மேலே எடுத்துக்கொண்டார்.

எனக்குள் மேளம் கொட்டியது.

"வாங்க மச்சான், வாங்க! ஒண்ணும் பண்ணாது. நேத்துதான் ஒருத்தர லேசா தொடையில..." என்று ஆரம்பித்தேன்.

"அண்ணா, இப்படி சந்துப் பக்கம் வா" என்று வேதா குரல் கொடுத்தாள். எங்கள் வீட்டு மாடிப்படி வெளியே, சந்துப் பக்கம்.

பத்தொன்பது பேரும் வரிசையாக மாடியேறினார்கள். கால் மணி நேரம் மேலே பாயும் அண்டாவும் இறக்குகிற சத்தம். பிறகு மச்சான் பாதிப் படி இறங்கி வந்து, இரண்டு கையையும் கூப்பினார். கண் கலங்கியிருந்தது.

"மாப்ள, தங்கச்சி லெட்டர் போட்டப்போ நான் நம்பல. எனக்கு நாய்னா ஆவாதுன்னு, நாயக் கீழயே கட்டிட்டு, எங்களுக்குன்னு மேல தனியா வூடே கட்டியிருக்கீங்களே! சிமெண்டு தரை, லைட்டு, பொம்பளைங்க குளிக்க மறப்பு. ஆளுக்கொரு ஆணிகூட அடிச்சி வெச்சிருக்கீங்க. சொந்தத் தம்பி செய்வானா?"

"செய்ய மாட்டான்" என்றேன். அது உண்மை.

"ஜன்னலத் தெறந்தா மல மூஞ்சில வந்து நிக்குது மாப்ள!"

சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். வேதா ரொம்ப மும்முரமாகக் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தாள்.

சரி, தொட்டி விளிம்பாவது மிஞ்சுமே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். தீபத்தன்று ஐந்தரை மணிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். ஊரெல்லாம் வெடி. ஜான்சி நடுங்கிக்கொண்டு என் வேட்டியைக் கவ்வியது. எட்டுக் குட்டியும் எட்டு ராகத்தில் அழ ஆரம்பித்தன.

வேதா பட்டுப்புடவையில் மாடிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். "ஏங்க, நீங்க நவுந்தா அது கத்தும். அது கத்துனா அண்ணனுக்கு நெஞ்சு படபடங்கும். நல்ல நாளும் அதுவுமா..."

"வேதா, இந்த ஒரு தீபத்துக்காகத்தான் நான் இத்தினியும்..." என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"எத்தினியும்?"

"ஒண்ணுமில்ல. நீ போ."

போய்விட்டாள். நான் கட்டிலுக்கு அடியில் புகுந்தேன். ஜான்சி என் தொடையில் தலையை வைத்தது. சவலைக்குட்டி சட்டைக்குள் புகுந்துகொண்டது. மற்ற ஏழும் வேட்டியின் ஏழு திசையைப் பிடித்து இழுத்தன. சரியாக ஆறு மணிக்கு, என் தலைக்கு மேல் வேதாவோடு சேர்த்து நாற்பது கால்கள் எகிறிக் குதித்தன. "அண்ணாமலைக்கு அரோகரா!" கூரைக் காரை பொலபொலவென்று என் மேல் விபூதியாகக் கொட்டியது.

பக்கத்து வீட்டு வேடியப்பன் ஜன்னலில் எட்டிப் பார்த்தான். "இன்னா சகாதேவா, உள்ளாற உக்காந்துக்கினு கீற? தீபம் ஏத்திட்டாங்கப்பா!"

"கேட்டுது" என்றேன்.

மார்கழியில் மச்சான் போய், தை பிறப்பதற்குள் எட்டுக் குட்டிக்கும் நல்ல இடமாகப் பார்த்துக் கொடுத்தாயிற்று. சவலையைப் பிரியும்போது எனக்குக் கண்ணில் தூசு விழுந்தது. ஜான்சியும் அடுத்த வாரம் ஒரு மிளகாய்த் தோட்டத்துக்குக் காவல் போனது. வீடு வெறிச்சென்று ஆனது. எனக்கு வீரம் திரும்பியது.

"வேதா, நாளைக்கு சடையன வரச் சொல்லியிருக்கேன். நாய்தான் இல்லியே. கொட்டாயப் பிரிச்சிடலாம்."

"பிரிக்கறதா?" என்று வேதா காப்பியை என் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அடுத்த தீபத்துக்கு அண்ணனோட சம்பந்தி வூட்டுக்காரங்களும் வராங்களாம். இருவத்தஞ்சு பேரு. இந்த தபா மாடு வளத்தா பெரிய கொட்டாயா போடலாங்க. போன தபா மாதிரியே யோசன நீங்களே சொன்னதா இருக்கட்டும்."