ரிட்ரீட் என்றால் தியானம்

"சார்ஜரை எடுத்து வெளிய வெச்சுட்டேன்," என்றாள் மிக்கேலின் அம்மா சவுரியம்மா. "தியானத்துல அதெல்லாம் இன்னாத்துக்கு?"

மிக்கேல் பையைத் திறந்து பார்த்தான். லேப்டாப் சார்ஜர் இருந்த இடத்தில் ஒரு ஜெபமாலையும், ஓரம் மடங்கிய ஜெபப் புத்தகமும் இருந்தன. அதற்கு அடியில் ஒரு வெள்ளை வேட்டி.

தப்பு அவனுடையதுதான். அடையாறு பக்கத்து ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் உயிரியலில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறான், ஆறாவது வருஷம். அங்கே ஆண்டுக்கு ஒரு தடவை ஆராய்ச்சி மாணவர்கள் எல்லாரையும் ஊருக்கு வெளியே எங்காவது கூட்டிப்போய் இரண்டு நாள் வைத்திருப்பார்கள். வருஷம் பூரா செய்த வேலையை ஒவ்வொருவரும் எழுந்து சொல்ல வேண்டும். மற்றவர்கள் குறை கண்டுபிடிப்பார்கள். பிறகு எல்லாரும் சேர்ந்து சாப்பிட்டு, பந்து விளையாடி, குறை கண்டுபிடித்தவர்களோடு சிரித்துப் படமெடுத்துக்கொண்டு திரும்புவார்கள். அதற்கு ரிட்ரீட் என்று பெயர். இத்தனை வருஷமும் வீட்டில் 'வெளியூர் போறேன்' என்றுதான் சொல்லியிருந்தான். இந்தத் தடவை வாய் தவறி அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டான்.

பட்டினப்பாக்கத்து வேதக்கார வீடுகளில் ரிட்ரீட் என்றால் ஒரே அர்த்தந்தான்: கோயில்காரர்கள் நடத்துகிற தியானம்.

அவன் சொன்ன நேரத்தில் பிலோமினா அக்காவும் வீட்டில் இருந்தாள். பங்குக் கோயிலில் இந்தத் தெருப் பெண்களுக்கெல்லாம் அவள்தான் தலைவி. அவள் காதில் விழுந்தது திங்கட்கிழமைக்குள் சாந்தோம் வரைக்கும் போய்விடும். அவள் கேட்பதற்கு முன்பே சவுரியம்மா முந்திக்கொண்டு, பையன் தியானத்துக்குப் போறான் என்று சொல்லிவிட்டாள். அப்போது அம்மாவின் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்து மிக்கேல் சும்மா இருந்துவிட்டான். காலை மூன்று மணிக்கு எழுந்து காசிமேடு போய், மீன் எடுத்து வந்து, பொழுது சாயும் வரைக்கும் வெயிலில் உட்கார்ந்து விற்கிறவள். அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவன் அடிக்கடி பார்த்தது கிடையாது.

ஆனால் பையில் வேட்டியைப் பார்த்ததும் பயம் வந்தது. இப்போதும் பிலோமினா வாசலில் உட்கார்ந்திருந்தாள். பரவாயில்லை என்று உண்மையைச் சொல்லிப் பார்த்தான்.

"அம்மா, இது அந்த ரிட்ரீட் இல்ல. ஒரு வருசமா இன்னா செஞ்சோம்னு எல்லார் எதிர்லயும் எழுந்து சொல்லணும். எங்க தப்பு பண்ணோம்னு பெரியவங்க எடுத்துச் சொல்வாங்க."

"பாவசங்கீர்த்தனம்," என்றாள் சவுரியம்மா, பிலோமினாவைப் பார்த்து.

"எல்லார் எதிர்லயுமா?" பிலோமினா கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "சாமியார் காதுல ரகசியமா சொல்றதே கஷ்டமாச்சே."

அதற்கு மேல் விளக்கினால் இன்னும் ஆழத்துக்குத்தான் போகும் என்று மிக்கேலுக்குத் தோன்றியது. அங்கே போய்விட்டால் யாரோடும் பேசக் கூடாது, போனும் எடுக்க முடியாது, மௌனம் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டான். அது அவன் செய்த இரண்டாவது தப்பு. மகன் மௌனமாக இருக்கிற இரண்டு நாளும் தான் ஒரு வேளை மட்டுமே சோறு சாப்பிடப்போவதாகச் சவுரியம்மா அறிவித்தாள். பிலோமினா, தெருப் பெண்கள் எல்லாரும் அவனுக்காக வேண்டிக்கொள்வார்கள் என்றாள். சார்ஜரை மட்டும் அவர்கள் பார்க்காதபோது எடுத்து சட்டைக்குள் செருகிக்கொண்டு கிளம்பினான்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு விடுதியில் நடப்பதாக இருந்தது. அந்த வாரம் பெய்த மழையில் விடுதியின் கீழ்த்தளம் குளமாகிவிட்டது. பேராசிரியர் பஞ்சாட்சரம் கடைசி நேரத்தில் வேறு இடம் பிடித்துவிட்டார். மிக்கேலுக்கு வழிகாட்டியும் அவர்தான். எதிலும் நல்லதையே பார்க்கிற மனிதர். இந்த இடம் இன்னும் நல்ல இடம், கடல் காற்று வரும், சாப்பாடு பிரமாதம், வாடகையும் கம்மி என்று பஸ்ஸில் ஏறியதும் எல்லாரிடமும் சொன்னார்.

பஸ் அடையாறு பாலத்தைத் தாண்டி வலது பக்கம் திரும்பியபோதே, வீட்டுப் பக்கம் போகிறது என்று மிக்கேல் இருக்கையில் சரிந்து உட்கார்ந்துகொண்டான். சாந்தோம் பக்கத்தில், கன்னியாஸ்திரீகள் நடத்துகிற ஒரு தியான இல்லத்தின் முன்னால் போய் நின்றது. வாசலில் பலகை வைத்திருந்தார்கள்: 'தியானம் நடைபெறுகிறது. அமைதி காக்கவும்.' மாடியில் அவனுக்குக் கொடுத்த அறையின் ஜன்னலைத் திறந்தால், அவன் வீட்டு மொட்டைமாடியில் அம்மாவின் சேலை காய்வது தெரிந்தது.

இரண்டு நாள் வெளியே தலைகாட்டாமல் இருந்தால் போதும் என்று நினைத்தான். அன்று மாலையே அதற்கும் வழியில்லாமல் போயிற்று.

மாணவர்களுக்குள் ஒற்றுமை வளர்க்க ஒரு விளையாட்டு வைத்தார்கள். பாதிப் பேர் கண்ணைக் கட்டிக்கொண்டு, கூடத்தில் மண்டி போட்டு ஊர்ந்து போக வேண்டும். மீதிப் பேர் குரல் கொடுத்து வழி சொல்ல வேண்டும். மிக்கேலுக்கு வழி சொன்னது ஜுவேரியா. அவனோடு ஒரே ஆய்வகத்தில் வேலை செய்கிறவள். யாருக்கும் 'முடியாது' என்று சொல்லத் தெரியாத நல்ல பெண். அவள் இடது பக்கம் என்று சொன்னதைக் கேட்டு அவன் இடது பக்கம் ஊர்ந்தான். ஒரு கூடையில் போய் முட்டிக்கொண்டான். கூடையில் மீன் வாசனை அடித்தது.

கண்கட்டை அவிழ்த்தால், எதிரே பிலோமினா. அந்த இல்லத்துச் சமையலறைக்கு மீன் கொடுக்கிறவள் அவள்தான் என்பது அவனுக்கு அதுவரை தெரியாது. அவள் கூடத்தில் ஊர்ந்துகொண்டிருந்தவர்களையும், முட்டியில் சிராய்ப்போடு தரையில் கிடந்த இவனையும் மாறி மாறிப் பார்த்தாள். வாயைத் திறந்தாள்.

மிக்கேல் அவசரமாக உதட்டின் மேல் விரலை வைத்தான். மௌனம் என்று சொல்லியாயிற்றே.

பிலோமினாவின் கண் கலங்கிவிட்டது. நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, கூடையை எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் பின்பக்கமாகவே நடந்து போனாள்.

மறுநாள் காலையில்தான் மிக்கேல் பேச வேண்டிய முறை. அதை நினைத்தே இரண்டு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அவன் ஈக்களை வைத்து ஆராய்ச்சி செய்கிறவன். பழத்தில் மொய்க்கிற சின்ன ஈ. அதில் சில ஈக்கள் ஏன் தூங்குவதில்லை என்று கண்டுபிடிக்க வேண்டும். போன வருஷம் இதே ரிட்ரீட்டில், காரணத்தைப் பிடித்துவிட்டேன் என்று மார்தட்டிவிட்டு வந்திருந்தான். இந்த வருஷம் எழுந்து நின்று, அது தப்பு என்று சொல்ல வேண்டும்.

தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது வாசல் பக்கம் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தான். ஷேர் ஆட்டோவிலிருந்து பெண்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் கோயிலுக்குக் கட்டுகிற சேலை. முன்னால் பிலோமினா. நடுவில், கையில் தூக்குச்சட்டியோடு, அவன் அம்மா.

மிக்கேல் ஜுவேரியாவைப் பிடித்து, எப்படியாவது அவர்களைத் திருப்பி அனுப்பிவிடு, வெளியாட்களுக்கு அனுமதி இல்லை என்று சொல்லு என்று கெஞ்சினான். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். கொஞ்ச நேரம் கழித்துக் கூடத்துக்குள் நுழைந்தால், கடைசி வரிசை முழுக்கச் சேலைகள். ஒவ்வொருவர் கழுத்திலும் மாநாட்டு அடையாள அட்டை தொங்கியது. மடியில் பிஸ்கட் பொட்டலம்.

"வெயில்ல நின்னுட்டு இருந்தாங்க மிக்கேல்," என்றாள் ஜுவேரியா. "எப்படிப் போகச் சொல்றது?"

அவன் கிட்டே போனதும் அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். ஒரு வயதான அம்மா முன்னால் வந்து தலையைக் குனிந்தாள். "சிலுவை போடு சாமி," என்றாள்.

மிக்கேலுக்கு அப்போதுதான் உறைத்தது. தியானத்துக்கு வந்தவன் என்பதோடு இவர்கள் நிற்கவில்லை. சாமியாராகப் போகிறவன் என்றே முடிவு கட்டியிருக்கிறார்கள். பக்கத்தில் அம்மா கையைக் கட்டிக்கொண்டு, சாதுவாக நின்றுகொண்டிருந்தாள். பாவம், இவளும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறாளா? வயதானவளைக் குனிந்த தலையோடு எவ்வளவு நேரம் நிற்க வைப்பது? சட்டென்று அவள் நெற்றியில் சிலுவை போட்டான்.

போட்டுவிட்டு நிமிர்ந்தால் பஞ்சாட்சரம் பார்த்துக்கொண்டிருந்தார். யார் இவர்கள் என்று கேட்டார். மிக்கேல் வாயில் வந்ததைச் சொன்னான்: பொதுமக்கள் சார், பக்கத்துக் குப்பம், அறிவியல் கேட்க ஆர்வமாக வந்திருக்கிறார்கள்.

பேராசிரியர் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஆராய்ச்சியை மக்களிடம் கொண்டுபோக வேண்டும் என்று அவர் வருஷக்கணக்காகச் சொல்லிவருகிறார். மக்கள்தான் வந்ததில்லை. உடனே நிலையத்து இயக்குநரைக் கூட்டிவந்து முன்வரிசையில் உட்கார வைத்தார். படமெடுக்க ஆள் அனுப்பினார். பிறகு மிக்கேலின் தோளில் கை போட்டு, "நீ தமிழ்லயே பேசிடுப்பா," என்றார்.

ஆங்கிலத்தில் தயார் செய்துவைத்திருந்த பேச்சு அதோடு போயிற்று. ஆங்கிலத்தில் என்றால் தோல்வியைக் கொஞ்சம் போர்த்தி மூடிச் சொல்லலாம். 'முடிவுகளை மறுபரிசீலனை செய்துவருகிறோம்' என்கிற மாதிரி. தமிழில், அதுவும் அம்மாவின் எதிரில் நின்றுகொண்டு, அவனுக்கு அப்படிப் பேச வரவில்லை.

ஈக்களை ஒரு பெட்டிக்குள் வைத்து வளர்த்ததைச் சொன்னான். ஒரு கூட்டம் மட்டும் தூங்காமல் விழித்தே இருந்ததைச் சொன்னான். அதற்குக் காரணம் அவற்றின் மரபணு என்று நம்பியதையும், ஊரெல்லாம் சொல்லிக்கொண்டதையும் சொன்னான்.

"கடைசில பார்த்தா, மரபணு ஒண்ணுமே இல்ல. அந்தப் பெட்டிக்குள்ள விளக்கு அணையவே இல்ல. ராத்திரி பூரா எரிஞ்சிருக்கு. நான்தான் கவனிக்கல."

பெட்டிக்குள் அணையாத விளக்கு என்றதும் கடைசி வரிசையில் எல்லாரும் கை கூப்பினார்கள். கோயிலில் நற்கருணைப் பேழைக்குப் பக்கத்தில் அணையா விளக்கைப் பார்த்துப் பழகியவர்கள். பிலோமினா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். படம் எடுக்கிறவர் அவளைக் கிட்டத்தில் போய் எடுத்தார்.

மிக்கேல் அதையெல்லாம் பார்க்கிற நிலையில் இல்லை. ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. ஒரு வருஷ வேலை வீணாகிப்போனதை யாரிடமும் சொல்ல முடியவில்லை, வீட்டுக்கு வந்தால் அம்மா முகத்தைப் பார்த்து 'நல்லாப் போகுது' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவேன், ஆய்வகத்தில் தனியாக உட்கார்ந்து விட்டுவிடலாமா என்று யோசித்திருக்கிறேன், பிறகு வேறு பெட்டி வாங்கி முதலிலிருந்து ஆரம்பித்தேன், இப்போது உண்மையாகவே ஒன்று கிடைத்திருக்கிறது, சின்னதுதான், ஆனால் இது நிற்கும் என்று சொல்லி முடித்தான்.

ஆராய்ச்சி மாணவர்களில் பாதிப் பேர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவரவர் பெட்டிக்குள் அவரவர் விளக்கு. பிறகு கடைசி வரிசையிலிருந்து "ஆமென்" என்று வந்தது. முன்வரிசையில் யாரோ பழக்க தோஷத்தில் கூடவே சொல்லிவிட்டார்கள். இயக்குநர் கை தட்ட, எல்லாரும் தட்டினார்கள்.

பஞ்சாட்சரம் எழுந்து, பொதுமக்களிடமிருந்து கேள்வி ஏதாவது உண்டா என்று பெருமையோடு கேட்டார்.

சவுரியம்மா எழுந்தாள். மைக் கொடுத்தார்கள். அது அவளுக்குத் தேவைப்படவில்லை. மீன் அங்காடியில் பேசிப் பழகின குரல்.

"ஐயா, புள்ளைக்குப் பட்டம் எப்ப?"

மிக்கேல் கண்ணை மூடிக்கொண்டான். பிலோமினாவும் மற்றவர்களும் சாமியாராக்குகிற குருப்பட்டத்துக்குத் தேதி கேட்கிறதாக நினைத்து நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பஞ்சாட்சரத்துக்கு அந்தக் குழப்பம் எதுவும் தெரியாது. இதே கேள்வியை மிக்கேல் இரண்டு வருஷமாக அவரிடம் கேட்டுவருகிறான். ஒவ்வொரு தடவையும் 'பார்க்கலாம்ப்பா' என்பார். இப்போது இயக்குநர் திரும்பி அவரைப் பார்த்தார். படம் எடுக்கிறவரும் அவர் பக்கம் திரும்பினார்.

"அடுத்த வருஷம்," என்றார் பஞ்சாட்சரம்.

"எந்த மாசம் ஐயா?"

"ஜூனுக்குள்ள," என்றார். சொல்லிவிட்டு, தாமே சொன்னதுதானா என்பது போல் கொஞ்சம் திகைத்து உட்கார்ந்தார். பக்கத்திலிருந்த இயக்குநர், "கண்டிப்பா," என்று சேர்த்துச் சொன்னார்.

ஆறு வருஷத்தில் மிக்கேலுக்குக் கிடைத்த மிகப் பெரிய சந்தோஷம் அது. அதை முழுசாக அனுபவிக்க அவர்கள் விடவில்லை. மதியச் சாப்பாட்டுக்குள் பிலோமினா எல்லாம் திட்டம் போட்டுவிட்டாள். பட்டம் வாங்கி வருகிற அன்று பேண்டு வாத்தியம். தெருமுனையில் வெள்ளை அங்கியில் அவன் படம் போட்ட ஃப்ளெக்ஸ். முதல் பூசை நம்ம பங்குக் கோயிலில்தான், ஃபாதரிடம் சாயந்திரமே சொல்லிவிட வேண்டும்.

ரிட்ரீட் முடிந்து எல்லாரும் பஸ் ஏறினார்கள். மிக்கேல் ஏறவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு மீன் அங்காடிக்கு நடந்தான். விஷயம் ஃபாதர் காதுக்குப் போவதற்கு முன்னால் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். அழுதாலும் பரவாயில்லை, திட்டினாலும் பரவாயில்லை. ஒரு அப்பாவியை இப்படி நம்பவைத்து மோசம் பண்ண அவனுக்கு மனசு வரவில்லை.

அம்மாவின் பலகை காலியாக இருந்தது. பிலோமினா கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டாளாம். பக்கத்துப் பலகையில் கெங்கம்மா மிச்ச மீனுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். சவுரியம்மாவோடு கல்யாணத்துக்கு முன்பிருந்தே பக்கத்தில் உட்கார்ந்து வியாபாரம் பண்ணுகிறவள். இருவருக்குள்ளும் ஒளிவுமறைவு கிடையாது. அம்மாவிடம் சொல்வதற்கு இவளிடம் சொல்லி ஒத்திகை பார்க்கலாம் என்று மிக்கேலுக்குப் பட்டது. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ரிட்ரீட் என்றால் என்ன, மௌனம் எப்படி வந்தது, சிலுவை ஏன் போட்டான், பட்டம் என்றால் எந்தப் பட்டம் என்று ஆதியிலிருந்து சொன்னான்.

"நான் சாமியாருக்குப் படிக்கிறேன்னு அம்மா நம்பிக்கினு இருக்கு, ஆயா. அது இல்லன்னு எப்படிச் சொல்றது?"

கெங்கம்மா ஒரு சங்கரா மீனைத் திருப்பிப் போட்டு, அதன் மேலும் தண்ணீர் தெளித்தாள்.

"உங்கம்மாவா நம்புது? தெருவுல அந்தப் பேச்சக் கெளப்பி வுட்டதே அதான் நைனா, மூணு வருசமா சொல்லிக்கினு கீது. சாமியாருக்குப் படிக்கிறான்னு சொல்லிட்டா, எத்தினி வருசம் ஆனாலும் 'இன்னும் முடிக்கலியா'ன்னு எம்புள்ளைய ஒருத்தரும் கேக்க மாட்டாங்கன்னுச்சு."