குந்தாரப்பள்ளியில் நின்ற மூச்சு

எழுதி வைக்காத எதுவும் நடக்கவே இல்லை என்று நம்புகிற ஆள் நான். பத்தாம் வகுப்பிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறேன். மிக்ஸி என்றைக்கு ரிப்பேர் ஆனது, மாமனார் என்றைக்குக் கோபித்துக்கொண்டு போனார், எத்தனையாவது நாள் திரும்பி வந்தார், எல்லாவற்றுக்கும் என்னிடம் ஆதாரம் உண்டு. (அதை வாசித்துக் காட்டியதும் மறுபடி கோபித்துக்கொண்டார். அதற்கும் ஆதாரம் உண்டு.) சரித்திரப் புத்தகங்களை அளவுக்கு மீறிப் படித்ததன் பக்கவிளைவு. இந்தப் பழக்கம் என் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தது.

ஓசூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் நான் கிரேன் ஆபரேட்டர். ஆட்களின் தலைக்கு மேலே இரும்பைத் தொங்கவிட்டு நகர்த்துகிற வேலை. ஒரு செவ்வாய்க்கிழமை, பாதுகாப்புக் கூட்டத்தில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன். கூட்டத்தின் தலைப்பு ‘வேலையில் விழிப்பு’. என் குறட்டை மைக்கில் கேட்டதாம்.

கம்பெனி டாக்டர் என் கழுத்தை டேப் வைத்து அளந்தார். “தூக்கத்துல மூச்சு நிக்குதான்னு பாக்கணும். ரிப்போர்ட் வர்ற வரைக்கும் கிரேன்ல ஏறக்கூடாது.”

சனிக்கிழமை புது ஷிப்ட் பட்டியல் ஒட்டுவார்கள். அதற்குள் ரிப்போர்ட் வராவிட்டால் கிரேன் வேறொருவருக்கு; எனக்கு ஸ்டோர்ஸில் நட்டு எண்ணும் வேலை. அந்த வாரமே என்னை அங்கே மூன்றாம் ஷிப்டில் போட்டுவிட்டார்கள்.

வியாழக்கிழமை ஓசூர் கிளினிக்கில் ஒரு பெட்டியைக் கொடுத்தார்கள். நெஞ்சுக்கு ஒரு பெல்ட், விரலுக்கு ஒரு கிளிப், மூக்குக்கு ஒரு டியூப். டெக்னீசியன் தம்பி சொன்னான்: “ஷிப்ட் முடிஞ்சு எப்பவும் போலத் தூங்குங்க சார். மதியம் ரெண்டு மணி வரைக்கும் கழட்டாதீங்க. மூணு மணிக்குள்ள மிஷின் இங்க வந்துரணும், சாயந்திரம் இன்னொருத்தருக்குப் போகுது.” கூடவே ஒரு தாள். தூங்கிய நேரம், விழித்த நேரம் என்று இரண்டே கட்டம். என்னிடம் போய் கட்டம் போட்ட தாளைக் கொடுக்கலாமா?

மறுநாள் காலை கிருஷ்ணகிரி வீட்டில் எட்டரைக்குப் படுத்தேன். நோட்டு தலைமாட்டில், பேனா காதில். அன்றைய பதிவுகள் சில:

8.52. தூக்கம் வருவதுபோல் இருந்தது. எழுந்து குறித்தேன்.

9.20. மறுபடி வந்தது. குறித்தேன்.

10.05. இடப்பக்கம் திரும்பினேன். கிளிப் சரியாக இருக்கிறது.

11.40. குறட்டை விட்டேனா என்று மனைவியிடம் கேட்டேன். பதில் பதிவு செய்யத்தக்கதல்ல.

பன்னிரண்டு மணிக்கு மனைவி சாந்தி உள்ளே வந்து நோட்டைப் பார்த்தாள். “ஏங்க, தூங்கறத எழுதச் சொன்னாங்களா, எழுதறதுக்காக முழிக்கச் சொன்னாங்களா?”

அப்போதுதான் உறைத்தது. நான் தூங்கவே இல்லை. ஆனால் மிகத் துல்லியமாகத் தூங்கவில்லை.

மிஷினைத் திருப்பித் தர வேண்டும். இரண்டு மணி வரை கழற்றவும் கூடாது. (சொன்னால் சொன்னதுதான். அதுவும் எழுதி வைத்திருந்தேன்.) டியூப், பெல்ட், கிளிப் சகிதம் இரண்டாம் ஷிப்ட் கம்பெனி பஸ்ஸில் ஏறினேன்.

டிரைவர் மஞ்சுநாத் பதறிப்போய், “ஏனாயித்து, என்னாச்சு சார்? ஆஸ்பத்திரில இருந்து ஓடி வந்துட்டீங்களா?” என்றார்.

வெல்டிங் பிரிவு பாஷா எனக்கு இடம் விட்டான். “உக்காருண்ணா. டேய், அண்ணன் கேஸ் கனெக்ஷனோட வந்திருக்காரு, எவனும் பீடி பத்த வெச்சிராதீங்க!”

பஸ்ஸே சிரித்தது. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அதற்குப் பிறகு எனக்கு நினைவில்லை. மடியிலிருந்து விழுந்த நோட்டைப் பாஷா எடுத்திருக்கிறான். கேலிக்காகத்தான் எழுதத் தொடங்கியிருக்கிறான்.

1.05. டோல்கேட். அண்ணன் அவுட்.

1.14. குந்தாரப்பள்ளி. சந்தை டிராபிக். குறட்டை. ரோட்டுல போற மாடு திரும்பிப் பாத்துச்சு.

1.16. குறட்டை நின்னுச்சு. மூச்சும் நின்னுச்சு. இருபத்திரெண்டு வரைக்கும் எண்ணினேன். பஸ்ல யாரும் மூச்சு விடல.

1.17. பெரிய சத்தத்தோட திரும்பி வந்தாரு. எல்லாரும் கை தட்டினோம்.

1.35. சூளகிரி. இது பதினோராவது தடவை. இப்ப யாரும் கை தட்டல. எழுப்பலாமான்னு மஞ்சுநாத் கேக்கறாரு. மிஷின் ஓடட்டும்னு சொன்னேன். பயமா இருக்கு.

கிளினிக் வாசலில் என்னை எழுப்பியபோது பாஷா சிரிக்கவில்லை. “உள்ள போய் மொதல்ல இந்தப் பக்கத்தக் காட்டுண்ணா” என்றான்.

கிளினிக் டாக்டர் என் பதிவுகளைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பாஷாவின் பக்கத்தை இரண்டு முறை படித்தார். “பஸ்ல உக்காந்து தூங்கினத கணக்குல எடுக்க முடியாது. நேரமும் பத்தாது. ஆனா இத எழுதினவரு உங்களவிட நல்லா எழுதறாரு” என்றார். (நாற்பது வருட நாட்குறிப்பாளனிடம்!) பிறகு கம்பெனி டாக்டருக்கே போன் போட்டு, அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டி, மறு சோதனை முடியும்வரை என் இடத்தை யாருக்கும் தரவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். சனிக்கிழமை ஒட்டிய பட்டியலில் கிரேனுக்கு நேரே ‘தற்காலிகம்’ என்று ஒரு பையனின் பெயர் இருந்தது. அந்தச் சொல்லை நான் நான்கு முறை படித்தேன்.

அடுத்த வாரச் சோதனைக்கு முன் சாந்தி வீட்டிலிருந்த பேனா, பென்சில், சுவர்க் கடிகாரம் எல்லாவற்றையும் பீரோவில் வைத்துப் பூட்டினாள். ஆறு மணி நேரம் தூங்கினேன். மூச்சு நின்றது நின்றதுதான் என்று ரிப்போர்ட் வந்தது. இப்போது முகமூடி மாட்டி, காற்றடிக்கிற மிஷினோடு தூங்குகிறேன். மூன்றாம் மாதம் கிரேனில் ஏறினேன்.

பஸ்ஸில் என் சீட்டுக்கு இன்றும் ‘ஐசியூ’ என்றுதான் பெயர். வீட்டில் விருந்தாளிகள் வந்தால் மகள் பாஷாவின் பக்கத்தை ஏற்ற இறக்கத்தோடு வாசிப்பாள். மாடு வரும் இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள், சூளகிரி வரும்போது சாந்தி மட்டும் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள்.

நான் படுக்கப் போகும்போதெல்லாம் அவள் கையை நீட்டி ஒரே சொல் சொல்வாள்:

“பேனா?”

கொடுத்துவிட்டுத்தான் முகமூடி.