பாதானந்தர் தேர்ந்தெடுத்த சென்டர் பார்வர்ட்

“என் புள்ள காலுக்கு இன்னாய்யா கொறச்சல்? நொண்டியா? வெரலு கொறையுதா?”

“சத்தம் போடாதம்மா. உள்ள சாமி தியானத்துல கீறாரு.”

“தியானத்துல கீறவருக்குத் தேங்கா வந்து எறங்குற சத்தம் மட்டும் எப்படிய்யா கேக்குது?”

“சாமி சொன்னா சொன்னதுதான். உன் புள்ள கால்ல பந்து நிக்காது.”

“போன வாரம் திருப்புலிவனத்தான் கோலுக்குள்ள நாலு தபா போச்சே, அது இன்னா, பூசணிக்காயா?”

உத்திரமேரூர்ச் சத்திரத்து முன்வாசலில் இப்படிக் கத்திக்கொண்டிருந்தவள் சிட்டம்மாள், சேரியிலிருந்து கூலிக்கு வருகிறவள். மறித்து நின்றவன் பச்சமுத்து, சாமியாரின் சீடன். சிட்டம்மாளுக்குப் பின்னால் தேங்காயும் பூசணியும் நெல்லுமாகத் தெருக்கோடி வரை வரிசை. வரிசையில் இருந்தவர்களுக்குக் கோபம். அவள் கத்தினாள் என்பதற்காக அல்ல, முன்வாசலில் நின்று கத்தினாள் என்பதற்காக. சேரிக்காரர்களுக்கென்று சத்திரத்தில் கொல்லைவாசல் ஒன்று இருக்கிறதே!

ஐம்பத்தெட்டாம் வருஷத்துக் கோடை அது. மதராசில் ஒரு நூல் மில். அந்த மில்லுக்கு ஒரு கால்பந்து டீம். டீமில் சேர்ந்துவிட்டால் நூலைத் தொடவேண்டாம். பந்தை உதைப்பதுதான் உத்தியோகம். மாதச் சம்பளம் உண்டு, குடியிருக்க மில் வீடு உண்டு, காலுக்கு பூட்ஸ் உண்டு. வருஷா வருஷம் டீம் செக்ரட்டரி ஏகாம்பரம் ஊர் ஊராகப் போய், இளம்பிள்ளைகளைப் பார்த்து, தேறுகிறவனாக ஒருவனைப் பிடித்துக்கொண்டு போவார். இந்த வருஷம் எங்கள் ஊர்.

எங்கள் ஊரில் தேறுகிறவன் யார் என்று ஏரிக்கரை ஆட்டுக்குட்டிக்குக்கூடத் தெரியும். சிட்டம்மாளின் மகன் ஐசக். இடது காலால் அவன் பந்தை ஓட்டிக்கொண்டு போனால் எதிராளிகள் வழிவிட்டு நின்று வேடிக்கை பார்ப்பார்கள். அவனுக்கு மில் கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும். அவன் அப்பன் சாமுவேல், நிலக்காரர் வேதகிரி வீட்டில் படிநெல்லுக்கு உழைக்கிற படியாள். வருகிற ஆடியிலிருந்து மகனும் அங்கேயே ஏர் பிடிப்பதாகப் பேச்சு முடிந்திருந்தது. பேசி முடித்தவர் வேதகிரி. ஐசக்கை யாரும் கேட்கவில்லை.

ஆனால் இந்த வருஷம் ஏகாம்பரம் தனியாக வரவில்லை. மில் வேனில் பக்கத்தில் ஸ்ரீமத் பாதானந்தரை உட்கார வைத்துக்கொண்டு வந்தார்.

“போன வருஷம் ஆட்டத்தைப் பார்த்து ஆள் எடுத்தேன், கோப்பை போச்சு. முந்தின வருஷமும் பார்த்துத்தான் எடுத்தேன், அதுவும் போச்சு. அதனால இந்த வருஷம் பார்க்காம எடுக்கறதுன்னு முடிவு பண்ணிட்டேன்” என்றார் ஏகாம்பரம். பி.ஏ. படித்தவர்.

பாதானந்தர் பாத ரேகை பார்ப்பவர். எவன் காலில் பந்து நிற்கும், எவன் கால் கோல் போடும், எவன் கால் முப்பது வயதில் முடங்கும், எல்லாம் உள்ளங்காலில் எழுதியிருக்கிறதாம். அவர் மட்டும் எந்தக் காலையும் தொடமாட்டார், பார்க்கவும் மாட்டார். கால் தாழ்ந்த உறுப்பு, பார்த்தால் தவம் கெட்டுவிடும். காலை வைத்துப் பிழைக்கிறவருக்கு இப்படி ஒரு ஆசாரம். ஆகவே முற்றத்தில் ஒரு தொட்டியில் சலவை நீலம் கரைத்து வைத்திருந்தார்கள். அதில் காலை முக்கி, வெள்ளைத் துணியில் மிதித்து, துணியை உள்ளே அனுப்பவேண்டும். ஊர்ப் பிள்ளைகளின் துணி முன்வாசல் வழியாகத் தாம்பாளத்தில் போகும். சேரிப் பிள்ளைகளின் துணி கொல்லைவாசல் வழியாகப் பச்சமுத்துவின் குச்சி நுனியில் போகும். அந்தத் துணியைச் சாமியார் தூரத்திலிருந்தே பார்த்துவிடுவார். அவ்வளவு கூர்மையான கண்.

குச்சி நுனியில் போன ஐசக்கின் கால் தேறவில்லை. தாம்பாளத்தில் போன கிருஷ்ணசாமியின் கால் தேறிவிட்டது. “சக்கரவர்த்தி பாதம். பிறவி சென்டர் பார்வர்ட், கோல் போடவே பிறந்த கால்!”

கிருஷ்ணசாமி வேதகிரியின் ஒரே மகன். நல்ல பையன். பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்வான். அதனாலேயே அவனை கோலில் நிறுத்தியிருந்தார்கள். சிலசமயம் பந்து தானாக அவன்மேல் பட்டுத் திரும்பும். அவனுக்கு சைக்கிள் பஞ்சர் ஒட்டுவதில்தான் ஆசை.

அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டில் கூச்சல். வேதகிரி வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு மண்சுவர்தான். எனக்குக் காது இருப்பது என் குற்றமல்ல.

“கொட்டாயில மாட்டக் காணோமே, எங்க?” என்று கேட்டவள் வேதகிரியின் மனைவி ஆண்டாளம்மாள்.

“சத்திரத்துல கீது.”

“அங்க அது இன்னா பண்ணுது? அதுக்கும் ரேக பாக்குறாங்களா?”

“சாமிக்கு சமர்ப்பணம் பண்ணிட்டேன். புள்ளைக்கு சக்கரவர்த்தி பாதம்னு சொல்லிக்கீறாரு.”

“மாட்ட ஓட்டிக்கினு போனது எப்போ? ரேக பாத்ததுக்கு முன்னாலியா, பின்னாலியா?”

வேதகிரி செருமினார். செருமல்கூட எனக்குக் கேட்டது.

“ரெண்டு வேளையும் கறக்கிற மாடு! இவன் பந்தப் பாத்தா கண்ண மூடிக்கிறான், நீ சாமியாரப் பாத்தா கண்ண மூடிக்கிற. நைனாவும் புள்ளையும் நல்லா வந்து வாச்சீங்க!”

ஊரில் மற்றவர்கள் கண்ணைத் திறந்துகொண்டிருந்தார்களா என்றால், இல்லை. வாலிபர்களைப் பார்த்து முடித்ததும் சாமியார் பச்சைக் குழந்தைகளுக்கும் பாதம் பார்ப்பதாக அறிவித்தார். இப்போதே பெயர் பதிந்து வைத்தால் பதினெட்டு வயதில் மில் வேன் வீட்டு வாசலில் வந்து நிற்குமாம். குழந்தைகள் சத்திரத்தில் அழுதால் தியானம் கலைகிறது என்பதால், தடத்தை வீட்டிலேயே எடுத்துத் துணியை மட்டும் கொண்டுவரலாம் என்று சலுகையும் தந்தார். மறுநாள் கடைத்தெருவில் நீலம் தீர்ந்துவிட்டது. ஊரில் தொட்டிலில் கிடந்த பிள்ளைகளெல்லாம் முழங்கால் வரை நீலம். பிறந்து பத்து நாளாகாத ஒன்று இடது ஓரத்தில் லெப்ட் அவுட் ஆடப்போகிறது என்று அதன் பாட்டன் சர்க்கரை வழங்கினார்.

அடுத்த நாள் காலையில் ஆண்டாளம்மாள் சிட்டம்மாளைக் கொல்லைப்புறத்துக்குக் கூப்பிட்டு ஏதோ பேசினாள். “எனக்கு பயமா கீதும்மா” என்று சிட்டம்மாள் சொன்னது மட்டும் காதில் விழுந்தது. மிச்சத்தைக் கேட்கவிடாமல் எங்கள் வீட்டில் உரல் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வீட்டில் மாவரைப்பதற்கு நேரம் காலம் வேண்டாமா?

அன்றுதான் முடிவு சொல்லும் நாள். சத்திரத்து முற்றத்தில் எள் போட இடமில்லை. வெள்ளைத் துணி விரித்த மணைமேல் பாதானந்தர். பக்கத்து நாற்காலியில் ஏகாம்பரம், திறந்த பேனாவோடு. எதிரில் மாலை போட்ட கிருஷ்ணசாமி, அறுக்கப்போகிற ஆட்டின் முகத்தோடு. தூரத்தில் கொல்லைவாசலுக்கு வெளியே ஐசக், வேலியைப் பிடித்துக்கொண்டு. முடிவுக்கு முன்னால் மிச்சமிருந்த குழந்தைத் துணிகளைச் சாமியார் பார்க்க ஆரம்பித்தார்.

கொல்லைவாசல் வழியாக ஒரு துணி வந்தது. “சிட்டம்மா மக வூட்டுக் கொயந்தை” என்று குச்சியை நீட்டினான் பச்சமுத்து.

சாமியார் முகத்தைச் சுளித்தார். “மண்வெட்டிப் பாதம். குதிகாலில் தரித்திர ரேகை. பந்து இந்தக் காலைக் கண்டால் ஒதுங்கிப்போகும். அடுத்தது.”

பச்சமுத்து துணியை வேலியோரம் உதறினான். சிட்டம்மாள் அதைக் குனிந்து எடுத்துக்கொண்டாள்.

அடுத்தது முன்வாசல் வழியாகத் தாம்பாளத்தில் வந்தது. கொண்டுவந்தவள் ஆண்டாளம்மாள். மாடு கொடுத்த வீடு. சாமியார் துணியை இரண்டு கையாலும் வாங்கினார். கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“அடடா! பெருவிரலடியில் சக்கரம்! குதிகாலில் கொடி! ஏகாம்பரம், இதை இப்போதே பதிந்துகொள்ளும். பதினெட்டு வயதில் கப்பலேறப் போகிற கால். வெள்ளைக்காரன் கோல் கம்பத்தை முறிக்கப்போகிற கால்!”

“குழந்தை பேர் என்னம்மா?” என்றார் ஏகாம்பரம்.

“பேரு இன்னும் வெக்கலீங்க.”

“ஒரு தரம் தூக்கிக்கிட்டு வாங்களேன், பார்க்கலாம்.”

“கொண்டாந்துதான் கீறேன்” என்றாள் ஆண்டாளம்மாள்.

வளையலை முழங்கைக்கு ஏற்றினாள். தொட்டியருகே போய் இரண்டு கையையும் முஷ்டி பிடித்து, சுண்டுவிரல் பக்கத்தை நீலத்தில் முக்கினாள். சாமியார் உட்கார்ந்திருந்த மணைத் துணியின் முன்னோரத்தில் வலது கையை ஒரு குத்து, இடது கையை ஒரு குத்து. பிறகு விரல் நுனியால் இந்தப் பக்கம் ஐந்து பொட்டு, அந்தப் பக்கம் ஐந்து பொட்டு. அச்சு அசலாக இரண்டு குழந்தைப் பாதம்.

சிரிப்பு முதலில் பெண்கள் பக்கத்திலிருந்து வந்தது. கோகுலாஷ்டமிக்கு வாசலிலிருந்து உள்கூடம் வரை இப்படிக் கண்ணன் காலடி போடாத கை அங்கே எது? மாவில் குத்தினால் கண்ணன், நீலத்தில் குத்தினால் சென்டர் பார்வர்ட். ஆண்களுக்குத்தான் பக்கத்தில் இருந்தவர்கள் விளக்கவேண்டியிருந்தது. அவர்கள் காலடியைத் தாண்டிப்போய் முறுக்கு தின்று பழகியவர்கள்.

பாதானந்தர் லேசுப்பட்டவரா? ஒரு கணம் விழித்தார். அடுத்த கணம் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிவிட்டார்.

“கண்ணா! உன் பாதமா? அதனாலல்லவா சக்கரம் தெரிந்தது! கொடி தெரிந்தது! தாயே, உன் கையில் பகவான் வந்திருக்கிறான்!”

சிரிப்பு நின்றது. யாரோ கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். யாரோ என்ன, வேதகிரிதான். அவரைப் பார்த்து நாலு பேர், நாலு பேரைப் பார்த்து நாற்பது பேர். ஒருவர் கற்பூரம் ஏற்றிவிட்டார். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் ஆண்டாளம்மாளின் முஷ்டிக்குக் கோயில் கட்டி, தேர் இழுத்து, அறங்காவலர் பதவிக்கு அடித்துக்கொண்டிருப்பார்கள்.

“அப்ப இது யாரு பாதம் சாமி?”

கொல்லைவாசலைத் தாண்டி முற்றத்துக்குள் வந்துவிட்டாள் சிட்டம்மாள். வேலியோரம் எடுத்த துணியை, தாம்பாளத்தில் வந்த துணிக்குப் பக்கத்தில் விரித்தாள்.

“தொடாதே! அது தரித்திரப் பாதம்!” என்றார் சாமியார்.

“அதுவும் என் கையிதான்” என்றாள் ஆண்டாளம்மாள். “காத்தால ஒரே நீலத்துல முக்கி, ஒரே கல்லுமேல வெச்சுக் குத்தினது. ஒண்ணு முன்வாசல்ல வந்துது, கப்பலேறப் போவுதுன்னே. ஒண்ணு கொல்லவாசல்ல வந்துது, மம்பட்டின்னே. வர்ற வயியில என் கையிக்கு இன்னா தரித்திரம் புடிச்சிக்கிச்சு?”

சாமியாரின் கை தலைக்குமேலேயே நின்றது. இறக்கினால் எங்கே வைப்பது என்று தெரியவில்லை போலும். கற்பூரம் ஏற்றியவர் அதை ஊதி அணைத்துவிட்டு, தான் ஏற்றவே இல்லை என்பதுபோலப் பார்த்தார்.

ஏகாம்பரம் எழுந்து வந்தார். இரண்டு வாசல் வழியாகவும் வந்த துணிகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்து வெயிலுக்கு நேரே பிடித்தார். வெகுநேரம் பார்த்தார். பி.ஏ. அல்லவா, நேரம் பிடித்தது.

“சேம் டு சேம்” என்றார். பிறகு பேனாவை மூடினார். “பசங்களை ஏரிக்கு வரச் சொல்லுங்க. பந்தை எடுத்துக்கிட்டு வரச் சொல்லுங்க. எல்லாப் பசங்களையும்.”

ஆண்டாளம்மாள் போகிற போக்கில் சத்திரத்துக் கொல்லைப்புறம் போய் மாட்டை அவிழ்த்தாள்.

நியாயத்துக்காகத்தான் அவள் அப்படிச் செய்தாள் என்று பின்னால் சிலர் பெருமையாகப் பேசினார்கள். நான் பக்கத்து வீடு. மாட்டுக்காகத்தான் செய்தாள். வீட்டுக்குப் போகும் வழியில் அவள் சிட்டம்மாளிடம், “உன் புள்ள பட்டணம் போய்ட்டா ஆடியில ஏரு புடிக்க நான் எங்கடி போவேன்? பெரிய பேஜாராப் பூடுச்சு!” என்று திட்டிக்கொண்டே போனதை என் காதால் கேட்டேன். சிட்டம்மாள் குனிந்த தலையோடு மாட்டைத் தட்டிக்கொண்டு வந்தாள். முகம் மட்டும் சிரித்தது.

வற்றிய ஏரிக்குள் அன்று சாயங்காலம் ஆட்டம். கிருஷ்ணசாமி மாலையைக் கழற்றிப் போட்டுவிட்டு கோலில் நின்றான். ஐசக் பந்தோடு வந்தான். கிருஷ்ணசாமி வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டான். திறந்தபோது பந்து பின்னால் கிடந்தது. பிறகும் வந்தான், பிறகும் மூடிக்கொண்டான். இருட்டுகிற வரை இப்படியே நடந்தது. இரண்டு பையன்களுக்கும் அப்படி ஒரு சந்தோஷம். ஏகாம்பரம் இந்தத் தடவை ஆட்டத்தைக் கண்ணால் பார்த்தார். அப்புறம் ஐசக்கின் பெயரைக் கேட்டார்.

ஐசக் அந்த ஆடிக்கு முன்னாலேயே மதராசுக்குப் போய்விட்டான். இரண்டு வருஷம் கழித்து அப்பன் சாமுவேலையும் சிட்டம்மாளையும் மில் வீட்டுக்கே அழைத்துக்கொண்டான். பெரம்பூரில் டீச்சராயிருந்த ஞானசுந்தரியைக் கட்டிக்கொண்டு மூன்று பிள்ளைகள். ஒன்றின் காலிலும் நீலம் பட்டதில்லை. கிருஷ்ணசாமி செங்கல்பட்டில் சைக்கிள் கடை வைத்து, திருமுக்கூடல் பெண்ணைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டான்.

பாதானந்தர் அன்றே ஊரை விட்டுப் போனார். மில் வேனில் அல்ல, கடைசி பஸ்ஸில். இப்போது மதுராந்தகம் பக்கம் குடியேறி, கபடிக்காரர்களுக்குத் தொடை ரேகை பார்க்கிறாராம். கூட்டம் தாங்கவில்லையாம். போன அமாவாசைக்கு எங்கள் ஊரிலிருந்தும் இரண்டு வண்டி கட்டிக்கொண்டு போனார்கள். முன்வண்டியில் வேதகிரி. கை, கால், தொடை எல்லாவற்றுக்கும் ஆள் வந்தாயிற்று, தலைக்கு ரேகை பார்க்கிறவர் மட்டும்தான் இன்னும் வரவில்லை. வந்தால் எங்கள் ஊர்த் தலைகளைப் பார்த்து அசந்துபோவார். வாங்கி வைத்த நாளிலிருந்து ஒரு தரம்கூட உபயோகிக்காமல், அவ்வளவு புதுசாக வைத்திருக்கிறார்கள்.